பழைய காரின் உதிரிபாகங்களுக்குப் பதிலாக மலிவான மாற்றுப் பாகங்களை நாமே செய்து பொருத்தலாமா?

பல பாகங்களுக்குச் செய்யலாம், சிலவற்றைத் தொடவே கூடாது. உங்கள் கார் இருபது ஆண்டைத் தாண்டியது என்றும், கியர் கம்பியின் முனையில் உள்ள விரல் நகம் அளவு புஷ் (மூட்டில் ஆட்டம் வராமல் பிடிக்கும் சிறு வளையம்) ஒன்று தேய்ந்ததற்குக் கம்பியோடு சேர்ந்த முழு அசெம்பிளியையும் வாங்கச் சொல்கிறார்கள் என்றும், அதனால் வீட்டிலேயே எதையாவது வைத்துச் சமாளிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது 1996இல் பதிவான, எண்ணூறு சிசி அளவுள்ள, கார்புரேட்டர் வைத்த மூன்று சிலிண்டர் வண்டி. கோவையில் அதைப் பெரும்பாலும் நானே பழுது பார்த்துக்கொள்கிறேன். நான் மெக்கானிக் அல்லன். இத்தனை ஆண்டுகளில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று கையால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எந்தப் பாகத்தை மாற்றும்முன்பும் நான் இரண்டைப் பார்ப்பேன். முதலாவது, அந்தப் பாகத்தின்மேல் என்ன படுகிறது என்பது: பெட்ரோலா, ஆயிலா, கொதிக்கும் கூலன்டா, வெறும் காற்றும் தூசியும்தானா. இரண்டாவது, அவிநாசி சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நான் வைத்த மாற்றுப் பாகம் சட்டென்று உடைந்தால் வண்டி என்ன செய்யும் என்பது. கியர் விழாமல் போனால் வண்டியை ஓரங்கட்டிவிடலாம். பிரேக் பிடிக்காமல் போனால் ஓரங்கட்ட எனக்கு நேரமே இருக்காது.

நீங்கள் கேட்ட புஷ்ஷிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் முதன்முதலில் செய்ததும் அதுதான். கியர் லிவரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கம்பியின் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து, லிவர் ஆடும் பல்லைப்போல எல்லாப் பக்கமும் ஆடியது. மூன்றாவது கியரைத் தேடித் தேடித்தான் போட வேண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தபோது புஷ்ஷின் துளை வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் அளந்தால் 10.2 மில்லிமீட்டர், குறுக்கே அளந்தால் 11.5 மில்லிமீட்டர் என்று முட்டை வடிவத்தில் இருந்தது. பலரும் தவறு செய்வது இந்த இடத்தில்தான்: தேய்ந்த புஷ்ஷை அளந்து அதே அளவில் புதியதைக் கடைந்து வாங்கினால், தேய்மானத்தையும் சேர்த்து வாங்கியதாக ஆகிவிடும். அதில் ஓடும் இரும்புப் பின்னைத்தான் அளக்க வேண்டும். அதிலும் உரசாமல் பளபளப்புக் குறையாத தோள்பகுதியை அளக்க வேண்டும். அந்த இரும்புப் பின் அங்கே சரியாக 10 மில்லிமீட்டர் இருந்தது, உரசிய இடத்தில் 9.9 இருந்தது. இரும்புப் பின்னும் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் புது புஷ் போட்டுப் பயனில்லை. பின்னுக்கு முதலில் வழி செய்ய வேண்டும்.

கோவையின் கணபதிப் பகுதியில் உள்ள ஒரு லேத் பட்டறைக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், நைலானில் கடைந்து தரும்படி கேட்டேன். பட்டறைக்காரர் வயதில் மூத்தவர். புஷ்ஷைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வண்டிக்கு அடியில நனையற எடமுங்க. நைலான் தண்ணியக் குடிச்சா ஊதிக்கும், அப்புறம் பின்னைக் கவ்விப் பிடிச்சுக்கும். டெல்ரின்ல போட்டுக்கலாமுங்க" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை: நைலான் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் மிகக் குறைவாகவே உறிஞ்சும். பின்னின் அளவைவிடப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக, 10.1 என்று துளையை வைத்துக் கடைந்து கொடுத்தார். டெல்ரின் துண்டின் விலையும் கூலியும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய் ஆயிற்று. ஆறு ஆண்டுகளாக அந்த புஷ் ஓடிக்கொண்டிருக்கிறது. நுண்ணிய அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மலிவாகப் பழுது பார்க்க விரும்புகிறவருக்கு ஸ்பேனருக்கு அடுத்த கருவி அதுதான்.

மாற்றுப் பாகம் என்றால் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று பொருள் இல்லை. கார்க் கம்பெனியின் பெட்டியில் வரும் பல பாகங்கள், வெளிச்சந்தையில் பொது அளவில் கிடைப்பவையே. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தால் முழு யூனிட்டையும் மாற்றத் தேவையில்லை. உள்ளே உள்ள பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6203 என்று இருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த ஊரில் வாங்கினாலும் அதே அளவுதான். ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் பார்க்க வேண்டும். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகட்டு மூடி, சி3 என்றால் சூட்டில் விரிவதற்கு உள்ளே கூடுதல் இடைவெளி விட்டது. சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு சுற்றுத்தான் சுற்றும். ஆல்டர்னேட்டரோ எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில், பத்தாயிரம் சுற்றையும் தாண்டிச் சுழலும். எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஃபேனுக்கு வைத்திருக்கும் மலிவுச் சரக்கை வாங்கிப் போட்டால் சில மாதங்களில் மறுபடியும் சத்தம் கேட்கும். ஆயில் சீலும் இப்படித்தான்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்று மூன்று எண்கள் அதன் முகத்திலேயே இருக்கும், ஆயில் சீல் கடையில் அவற்றைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் அடைக்கும் பேக்கிங்கை வெட்டுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப் போன்றவற்றுக்கு ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் பேக்கிங் ஷீட் போதும். பழைய பட்டறைகளில் ஷீட்டை உலோக விளிம்பின்மேல் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் முழுவதும் தட்டித் தட்டியே வெட்டிவிடுவார்கள். அலுமினியத்தில் அப்படித் தட்டினால் விளிம்பு நசுங்கும். அதற்குப் பதிலாக விரலில் சிறிது ஆயிலைத் தொட்டு விளிம்பில் தடவி, ஷீட்டை அழுத்தி அச்சு எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டுவது நல்லது. போல்ட் துளைக்கு, இரும்பு விளிம்பாக இருந்தால், துளையைவிடச் சற்றுப் பெரிய பேரிங் குண்டு ஒன்றை ஷீட்டின்மேல் துளைக்கு நேராக வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பிசிறில்லாமல் வட்டம் விழும். சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே வரும் ஹெட் பேக்கிங்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் செய்ய முயல வேண்டாம். எரியும் வாயுவின் அழுத்தத்தை எந்தக் காகிதமும் தாங்காது. பேக்கிங்குக்குப் பதிலாக ட்யூபில் வரும் சிலிக்கான் பசையை அள்ளிப் பூசும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் அதை அதிகமாகப் பூசினால், இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து போய் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். கார்புரேட்டரில் பூசினாலோ பெட்ரோல் பட்டு அது ஊறிக் கழன்றுவிடும்.

ரப்பர் குழாய்களில்தான் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். கார்புரேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் பெட்ரோல் குழாய் வெடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை இல்லை. வீட்டில் தண்ணீர் மட்டம் பார்க்கும் நிறமற்ற பிளாஸ்டிக் ட்யூப் கிடந்தது. அளவு சரியாகப் பொருந்தியது, உள்ளே பெட்ரோல் ஓடுவதும் கண்ணுக்குத் தெரிந்தது, நானும் நன்றாக அமைந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். அந்த பிளாஸ்டிக்கை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருளைப் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியேற்றிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தது. பானெட்டைத் திறந்து ட்யூபைத் தொட்டேன். மஞ்சள் பாய்ந்து, காய்ந்த வைக்கோல்போல விறைத்திருந்தது, கிளாம்ப்புக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசலிலிருந்து பெட்ரோல் சொட்டு சொட்டாக விழுந்தது. அதற்குச் சற்றுக் கீழேதான் சைலன்சரின் சூடான குழாய் போகிறது. பின்சீட்டில் என் மகள் அமர்ந்திருந்தாள். அன்றிலிருந்து பெட்ரோல் போகும் வழியில் கையில் கிடைத்ததை வைப்பதை அடியோடு விட்டுவிட்டேன்.

எல்லாக் கறுப்பு ரப்பரும் ஒரே ரப்பர் அல்ல என்பதை இதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெட்ரோலையும் ஆயிலையும் தாங்குவது நைட்ரைல். கூலன்ட், பிரேக் ஆயில் இரண்டையும் தாங்கும் இபிடிஎம் ரப்பர், பெட்ரோல் பட்டால் பருத்துப் பிதுங்கிவிடும். சைக்கிள் ட்யூபில் வெட்டிய வளையம் ஒயரைக் கட்ட உதவும், பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் உதவாது. பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றால் கார்புரேட்டர் வண்டிக்குப் போதும், ஏனென்றால் அதன் பம்ப் தரும் அழுத்தம் மூன்று முதல் ஐந்து பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் அழுத்தம் மூன்று பார், அதாவது நாற்பது பிஎஸ்ஐக்கு மேல். அதற்கு ஆர்9 வேண்டும், கிளாம்ப்பும் அதற்கென்று உள்ளதாக இருக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதால், பழைய வண்டியின் ரப்பர்களை இன்னும் அடிக்கடி விரலால் அழுத்திப் பார்ப்பது அவசியம்.

போல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்டுவேர் கடையில் வாங்கும், தலையில் எண் இல்லாத போல்ட்டைப் பேட்டரித் தட்டுக்கும் மட்கார்டுக்கும் போடலாம். தலையில் 8.8 என்று வலுவின் தர எண் பொறித்த போல்ட் இருந்த இடத்தில் அதைப் போட்டால் பாதி வலுகூட நிச்சயமில்லை. மரையின் இடைவெளியும் வேறுபடும். ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் எம்10 போல்ட் பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர் மரையில் இருக்கும், ஹார்டுவேர் கடையில் எம்10 என்று கேட்டால் 1.5 மரையில் தருவார்கள். இரண்டு சுற்று உள்ளே போய் இறுகும். ஸ்பேனர் வைத்து அழுத்தினால் உள்மரை வழுக்கிப் போய், பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரும் செலவில் முடியும்.

ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்குப் பைக் கேபிளை வெட்டிப் பொருத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அறுந்துபோனால் வண்டி நின்றுவிடும், அதனால் ஆபத்தில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அச்சம் அறுவதைப் பற்றி அல்ல. உறையின் வளைவு சற்று மாறினால் கம்பி உள்ளே சிக்கி, காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் குறையாமல் நிற்கும். கேபிள் செய்து தரும் கடைகளில் பழையதைக் கொடுத்தால் அதே நீளத்தில், அதே முனையோடு செய்து தருவார்கள்; அதை வாங்கிப் போடுங்கள்.

ஃப்யூஸுக்குப் பதிலாக ஒயரையோ சிகரெட் பெட்டியின் தாளையோ வைப்பதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நான்கிலும் இரண்டிரண்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொள்ள ஐம்பது ரூபாய் போதும். ஃப்யூஸ் மறுபடியும் மறுபடியும் போகிறது என்றால் எங்கோ ஒயர் உரசுகிறது. தடித்த ஒயரை வைத்தால் எரிவது அந்த ஒயரும் அதைச் சுற்றியுள்ள மெத்தையும்தான். பிரேக்கில் ஹோஸ், ரப்பர் கப், ஆயில், போல்ட் எதுவானாலும் உரிய பாகம் மட்டுமே. டயரில் இருப்பது இரண்டு பார் அழுத்தம். பெடலை ஓங்கி மிதிக்கும்போது பிரேக் குழாயில் எழும் அழுத்தம் எழுபது பாரையும் தாண்டும். ஸ்டீயரிங் மூட்டுகளும் சஸ்பென்ஷன் மூட்டுகளும் இதே வகைதான்.

மற்றபடி சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பருக்குப் பழைய டயரில் வெட்டிய பட்டை அருமையாக உழைக்கும், உள்ளே நைலான் நூல் இருப்பதால் அறுவதில்லை. ஆனால் சைலன்சர் குழாயிலேயே ஓட்டை என்றால், அதுவும் வண்டிக்கு அடியில் நடுப்பகுதியில் என்றால், தகரத்தைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு விட்டுவிடாமல் வெல்டிங் வைத்துவிடுங்கள். கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவுக் கண்ணாடி ஓரத்து பீடிங், டோர் பேடைப் பிடிக்கும் கிளிப், ஒயர்களைக் கட்டும் கேபிள் டை ஆகியவற்றில் உங்கள் விருப்பம்போல எதையும் முயன்று பார்க்கலாம்.

உங்கள் கியர் கம்பியைப் பொறுத்தவரை, கழற்றும்முன் அது எந்தப் பக்கம் எப்படி மாட்டியிருக்கிறது என்று செல்போனில் நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னின் தேயாத இடத்தை மூன்று முறை அளந்து, பழைய புஷ்ஷையும் பின்னையும் சேர்த்தே லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அளவு எழுதிய சீட்டை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒன்றுக்கு இரண்டாகக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாவதற்குக் கூலி குறைவாகத்தான் கேட்பார்கள்.