‘ஓடாதே’ என்றால் ஓடுகிறான்: வாசகர் கேள்வி - பதில்

ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள சுட்டிகளைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் சில.

கேள்வி: மகனுக்கு 20 மாதம். ‘ஓடாதே’ என்றால் ஓடுகிறான். ‘தொடாதே’ என்றால் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தொடுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா?
— ஓர் அம்மா

வேண்டுமென்றேதான். ஆனால் உங்களைச் சீண்டுவதற்கு அல்ல. ‘நேற்று தொட்டபோது அம்மா சத்தம் போட்டாள், இன்றைக்கும் போடுவாளா?’ என்று பார்க்கிறான். ஒரு விதி எப்போதும் விதிதானா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு இருக்கும் ஒரே வழி, திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதுதான். தெரிந்துகொண்ட பிறகும் கையை அடக்குவது தனி வித்தை. அது கைவர இன்னும் சில வருடங்கள் ஆகும். ‘தொடக் கூடாது’ என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் தொடுகிற குழந்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் சொல்லும் சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். ‘ஓடாதே’ என்பதில் முதலில் வருவது ஓட்டம். மறுப்பு வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த அறையிலிருந்து கத்தினால் அந்த வால் அவன் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை. என்ன செய்யக் கூடாது என்பதை விட்டுவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்: ‘நட’, ‘நில்’, ‘கையைக் கொடு’, ‘கீழே வை’. பக்கத்தில் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பார்த்த பிறகு சொல்லுங்கள். பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் செய்யவில்லை என்றால் மறுபடி சொல்லிக்கொண்டிருக்காமல் கையைப் பிடித்துச் செய்ய வைத்துவிடுங்கள். பத்து தடவை சொல்லிப் பதினோராவது தடவை கத்தினால், பத்து வரைக்கும் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்பதை நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

‘கூடாது’ என்ற சொல்லைச் சூடு, மின்சாரம், சாலை, அடுத்தவரை அடிப்பது ஆகியவற்றுக்கு மட்டும் சேமித்து வையுங்கள். மற்றவை அவன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். ஓர் இழுப்பறையைத் திறக்காதே என்று நாளுக்கு முப்பது முறை சொல்வதைவிட, அதற்கு ஒரு கொக்கி போடுவது சுலபம்.

கேள்வி: 22 மாத மகள் பகல் முழுக்க ஓடுகிறாள். அப்படியும் இரவு 11 மணிக்கு முன்னால் தூங்குவதில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டுக் களைப்பாக்கினால் தூங்குவாளா?
— தூக்கம் தொலைத்த அப்பா

மாட்டாள். களைப்பு மிஞ்சிய குழந்தைக்கு வேகம்தான் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கமும், நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து மொத்தம் 180 நிமிட ஓட்டம் ஆட்டமும் வேண்டும். உங்கள் மகளுக்கு ஆட்டம் போதிய அளவு இருக்கிறது. பெரும்பாலும் கோளாறு பகல் தூக்கம் முடியும் நேரத்தில்தான் இருக்கும்.

இந்த வயதில் பகலில் ஒரு தூக்கம் போதும். அதிலிருந்து எழுந்தால் மறுபடி கண் சொக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு எழுந்தவள் 11 மணிக்குத் தூங்குவது கணக்குப்படி சரியே. பகல் தூக்கத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்தி, மதியம் இரண்டரை மணிக்குள் முடியும்படி கொண்டுவாருங்கள். அதற்கும் முன்னால் காலையில் எழுப்பும் நேரத்தை ஒன்றாக்குங்கள். இரவு 11 மணிக்குத் தூங்கினாலும் காலை 7 மணி என்றால் 7 மணிதான். ‘பாவம், தூங்கட்டும்’ என்று 9 மணி வரை விட்டால் அன்றைக்கு ராத்திரியும் போச்சு.

உருண்டு புரண்டு விளையாடுவதை இரவு உணவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரைகள் அணைந்துவிட வேண்டும். கடைசி அரை மணி நேரம் குளியல், உடை, பல், கதை என்று தினமும் ஒரே வரிசையில் போகட்டும். முதல் நான்கைந்து நாள் ரகளை கூடும். முறை தப்பு என்று நினைத்து அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஒன்றரை வயது. பாலைத் தவிர எதையும் தொடுவதில்லை. நாளுக்கு ஐந்து பாட்டில் குடிக்கிறான். பாலாவது உள்ளே போகிறதே என்று விட்டுவிடலாமா?
— பாட்டி ஒருவர்

வேண்டாம் அம்மா. பால் உள்ளே போவதால்தான் சாப்பாடு போவதில்லை. ஒரு பாட்டில் 240 மில்லி என்றால் ஐந்துக்கு 1,200 மில்லி. கொழுப்பு நீக்காத பாலில் அது 700 கலோரிக்கு மேல். அவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே சுமார் 1,000 கலோரிதான். முக்கால் வயிறு நிரம்பியவன் தட்டைத் தள்ளுவதில் என்ன ஆச்சரியம்? இதைவிடப் பெரிய சிக்கல், பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற உணவில் இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்வதையும் அது தடுக்கிறது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், ரத்தம் மட்டும் குறைந்துகொண்டே போகும். முகம் வெளிறியிருந்தாலோ, மண்ணையோ சுண்ணாம்பையோ தேடித் தின்றாலோ ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாளுக்கு 350 முதல் 500 மில்லி பால் போதும். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாட்டிலிலும் 30 மில்லி குறைத்து, அப்படியே டம்ளருக்கு மாற்றுங்கள். பால் சாப்பாட்டுக்குப் பிறகுதான், முன்னால் இல்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே இரண்டரை மணி நேரமாவது தண்ணீர் மட்டும். ஒரு வகை உணவுக்கு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது கணக்கு. ஒன்றரை வயதுக்கு ஒன்றரைக் கரண்டி வைத்தால் போதும். பெரியவர்கள் வைக்கும் குவியலைப் பார்த்தே பாதிக் குழந்தைகள் மலைத்துப் போகிறார்கள். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், பின்னால் ஓடி ஊட்ட வேண்டாம்.

முதல் வருடத்தில் எடை மூன்று மடங்கானவன், இரண்டாம் வருடம் முழுக்கச் சேர்ந்தாலும் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறுவான். பசி குறைவது இயல்பு.

கேள்வி: கையைப் பிடித்துப் படியில் தூக்கி ஏற்றினேன். ‘வீல்’ என்று அழுதவள், அதன்பிறகு அந்தக் கையைத் தூக்கவே இல்லை. வீக்கமும் இல்லை. மருத்துவர் ஒரு நொடியில் சரிசெய்துவிட்டார். என்ன நடந்தது?
— குற்ற உணர்வில் ஓர் அம்மா

முழங்கை விலகல். முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலையை முழங்கையில் ஒரு தசைநார் வளையம்போல் பிடித்திருக்கிறது. சின்னக் குழந்தைக்கு அந்த வளையம் தளர்வாக இருப்பதால், நீட்டிய கையைச் சட்டென்று இழுத்தால் எலும்பின் தலை நழுவி, வளையம் இடையில் மாட்டிக்கொள்கிறது. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை இது சகஜம். கையைச் சற்று மடக்கி, உள்ளங்கை உள்பக்கம் திரும்ப, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வாள், மற்றபடி விளையாடுவாள். தொட விடமாட்டாள்.

மருத்துவர் முன்கையைத் திருப்பும்போது ‘க்ளிக்’ என்று உள்ளே போய் உட்காரும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அதே கையால் பொம்மையை எடுப்பாள். வீட்டில் யாரும் முறுக்கிப் பார்க்கக் கூடாது. விழுந்த பிறகு கை தொங்கினாலோ வீக்கம் இருந்தாலோ எலும்பு முறிந்திருக்கலாம், அதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒருமுறை விலகியது மறுபடியும் விலகக்கூடும். இனி அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள். இரண்டு பெரியவர்கள் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து ஊஞ்சலாட்டுவதும் வேண்டாம். சட்டையின் கைப்பகுதியில் கையை நுழைத்து வெடுக்கென்று இழுப்பதும் இதே வகைதான்.

கேள்வி: ஓடிக்கொண்டே சாப்பிடுகிறான். எதை எப்படி நறுக்கித் தர வேண்டும்? தொண்டையில் மாட்டினால்?
— இரண்டு வயதுக்காரனின் அப்பா

முதலில் உட்கார வையுங்கள். நறுக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். திராட்சை ஆபத்தானது அதன் வடிவத்தால்: உருண்டை, வழவழப்பு, மூச்சுக் குழாயை மூடும் அளவு. அதைக் குறுக்கே வெட்டினால் போதாது, வட்டம் அப்படியே இருக்கும். நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். கேரட்டை இரண்டு விரலால் நசுக்கினால் நசுங்கும் வரை வேக வையுங்கள், இல்லையென்றால் துருவுங்கள். முழுக் கடலையும் முந்திரி, பாதாம் போன்ற முழுப் பருப்பு வகைகளும் ஐந்து வயது வரை வேண்டாம். விளையாட்டுச் சாமானுக்கு ஒரு சுலபமான சோதனை: டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக் குழலுக்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது.

மாட்டிக்கொண்டு பலமாக இருமினால் இரும விடுங்கள். இருமல் வரவில்லை, சத்தம் வரவில்லை, முகம் நீலமாகிறது என்றால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். நீங்கள் குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி 5 முறை தட்டுங்கள். வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்சின் நடுவில்தான். நினைவு தப்பினால் உடனே நெஞ்சை அழுத்தி, வாயில் மூச்சு ஊதும் இதய-நுரையீரல் மீட்பு முதலுதவியை (சிபிஆர்) தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். வயிற்றில் அழுத்தி எடுத்திருந்தால், குழந்தை தெளிவாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ரிமோட்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரியை விழுங்கினால் மலத்தில் வந்துவிடும் என்கிறார்களே?

காசு வேண்டுமானால் அப்படி வரலாம். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால், அதன் மின்னோட்டம் ஈரத்தில் காரத்தை உண்டாக்கி இரண்டே மணி நேரத்தில் திசுவைப் பொசுக்கிவிடும். ‘தீர்ந்துபோன’ பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் அறிகுறி சளி பிடித்ததுபோலத்தான் தெரியும்: இருமல், எச்சில் ஒழுகல், சாப்பிட மறுப்பு. சந்தேகம் வந்தாலே நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது கடந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிந்தால், போகும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன், அதிகபட்சம் 6 தடவை தரலாம். தேன் தேடி வீட்டில் நேரத்தைக் கடத்தக் கூடாது. மூக்கில் போட்டுக்கொண்டாலும் அதே அவசரம்தான். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத பொருளை வீட்டுக்குள் விடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறாள். சில சமயம் மூச்சை அடக்கி நீலமாகிவிடுகிறாள். பயத்தில் கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம்.
— ஒரு தம்பதி

இரண்டும் வேறு வேறு. புரள்வது உச்சத்தில் இருக்கும்போது எந்த விளக்கமும் ஏறாது. தலை இடிக்காத இடமா என்று பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ‘அது வேணும்னு கோபம். கிடையாது’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அழுகையின் ஸ்வரம் கோபத்திலிருந்து விசும்பலுக்கு இறங்கும். மடியில் எடுக்க வேண்டிய நேரம் அது. எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் பசிக்கும் தூக்கத்துக்கும் அரை மணி நேரம் முன்னால் இருக்கும்.

மூச்சடக்கல் அவள் திட்டமிட்டுச் செய்வதல்ல, அனிச்சையாக வருவது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை வரலாம். வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானே திரும்பும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உலுக்குவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, வாயில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். ஒரு நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் இந்த வாரமே காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதால் ரத்தத்தையும் பார்ப்பார்கள்.

கேள்வி: பல் தேய்க்க வாயையே திறப்பதில்லை.

தரையில் காலை நீட்டி உட்காருங்கள். குழந்தையின் தலை உங்கள் தொடைகளுக்கு நடுவே, முகம் மேலே பார்க்கட்டும். இப்போது வாய் முழுவதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். இடது கை விரலால் மேலுதட்டை மெல்லத் தூக்குங்கள். நடுவில் இருக்கும் சதைத் தசைநாரில் பிரஷ் இடிப்பதுதான் பல குழந்தைகளுக்கு வலி, அதை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயது வரை ஃப்ளோரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. காலை, இரவு இரண்டு முறை. ஏழு வயது வரை தேய்த்துவிடுவது உங்கள் வேலை.

கேள்வி: செல்போனைக் கையில் கொடுக்காமல் பத்து நிமிடம் சமைக்க வழி உண்டா?
— அடுப்படியிலிருந்து

உண்டு. சமையலறையில் அடுப்புக்கு எதிர்ப்பக்கம், கீழ்த்தட்டு ஒன்றை அவனுக்கு ஒதுக்குங்கள். உடையாத கிண்ணங்கள், மூடிகள், மரக்கரண்டி, மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பா, அந்த ஓட்டையில் நுழையும் பெரிய துணித் துண்டுகள் இருந்தால் போதும். அடுப்பின் பின்வரிசையில் சமைத்து, பாத்திரக் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். தண்ணீர் நிறைந்த வாளி எதுவும் அங்கே வேண்டாம். தலை கனமான வயது. எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் எழ வராது, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே மூழ்கப் போதும். தட்டில் உள்ளதில் பாதியை வாரம் ஒருமுறை ஒளித்துவைத்துவிட்டு வேறு மாற்றுங்கள். டப்பாவுக்குள் போட்டதைக் கொட்டி மறுபடியும் போடுவதுதான் அவனுக்கு விளையாட்டே; நடுவில் போய் அடுக்கி வைத்துவிடாதீர்கள்.