பட்டாளத்து ஆஸ்பத்திரி: கேட்டதும் சொன்னதும்

பாஞ்சாலங்குறிச்சிச் சண்டை பற்றிப் பேசப்போய், காயம்பட்டவனையும் காய்ச்சல்காரனையும் என்ன செய்தார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். சரி, வரிசையாக வருகிறேன்.

கோவில்பட்டித் தம்பி: வெள்ளைக்காரச் சிப்பாய் குண்டடி பட்டுத்தானே அதிகம் செத்திருப்பான், அண்ணாச்சி?

இல்லை தம்பி. பேதியும் காய்ச்சலும்தான் ஆளைக் கொண்டுபோனது. சிப்பாய்களின் உடல்நலத்தை விசாரிக்க பிரிட்டிஷ் சர்க்கார் போட்ட ராயல் கமிஷனின் 1863 அறிக்கை, இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்தார்கள் என்கிறது. சண்டையே இல்லாத வருஷங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. நாறும் சாக்கடை, கெட்ட தண்ணீர், போதாக்குறைக்குச் சாராயம்.

பேட்டைக்காரர்: அப்போ ஆஸ்பத்திரியே கிடையாதா?

இருந்ததே. இன்றைய சென்னை ஜி.ஹெச்சே 1664இல் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கியதுதான். படை கிளம்பினால் கூடாரம்தான் வார்டு, ஆட்கள் தோளில் சுமக்கும் டூலிதான் ஆம்புலன்ஸ்.

நர்சிங் படிக்கும் தங்கை: காலராவுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், அண்ணா?

இதைத்தான் கேட்டிருக்கக் கூடாது. 1817இல் வங்காளத்தில் கிளம்பி, அந்த வருஷமே கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் படையைப் போட்டுத் தள்ளி, மறுவருஷம் மதராஸ் பக்கம் வந்துவிட்டது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி பேதி போகும், கண் குழி விழும், துணி துவைத்த கை மாதிரி விரல் நுனியெல்லாம் சுருங்கிவிடும். உடம்பில் தண்ணீர் இல்லாமல் சாகிறவனுக்கு டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார்! அதுவோ கறுத்து, கெட்டியாகி, சொட்டக்கூட மாட்டாது. அப்புறம் அபின், பாதரசத்தில் செய்த கேலோமல். தண்ணீர் தண்ணீர் என்று கத்துகிறவனுக்குப் பல இடங்களில் அதைக் கொடுக்கவும் விடவில்லை. 1832இல் லாட்டா என்ற ஸ்காட்லாந்து டாக்டர் உப்புத்தண்ணீரை நரம்பில் ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று நீங்கள் போடும் டிரிப்ஸ் அதுதான்.

அதே தங்கை: மயக்க மருந்து?

1846க்கு அப்புறம்தான் ஈதர். அதுவரை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ரம்பம்.

அம்பாசமுத்திரத்துக்காரர்: நம்ம ஜில்லாவில் பெரிய காய்ச்சல் ஒன்று வந்ததாமே?

1809 முதல் 1811 வரை. திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர் நாலையும் ஆட்டிப் படைத்தது. சர்க்கார் கமிட்டியே போட்டு விசாரித்தது. கொசுவை யாரும் நினைக்காத காலம். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் முடிச்சு இருப்பதை ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல்.

ஒட்டப்பிடாரம் அக்கா: ஊமைத்துரையை அம்மை காப்பாற்றியது என்பார்களே, கட்டுக்கதையா?

அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார், அக்கா. 1801 மே மாதம் கோட்டை விழுந்த பிறகு, மகனைத் தேடிப் போன ஒரு தாய், குற்றுயிராகக் கிடந்த அவனைக் கண்டாள். என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்றானாம் அவன். பக்கத்தில் காயத்தோடு கிடந்தவர் ஊமைத்துரை. பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகையில் கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வர, துணியைப் போட்டு மூடி, பிள்ளை பெரியம்மையில் போய்விட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் துணியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை, ஓடியே போனார்கள்.