அம்மாவைக் கொன்றுவிட்டு எழுதிய காதல் கதை

கேள்வி: எனக்கு வயது 27. வேலைக்குப் போகிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். அவளும் என்னைக் காதலிக்கிறாள். இரண்டு பெண்களின் காதலை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவில்தான் சிக்கல். இருவரும் சேர்ந்து வாழ்வதாக முடித்தால் நம்பும்படி இல்லை என்கிறார், என் எழுத்தைப் படித்து ஆலோசனை சொல்லும் மூத்த எழுத்தாளர் ஒருவர். பிரிவதாகவோ ஒருத்தி இறப்பதாகவோ முடித்தால், “நம்மைப் போன்றவர்களின் கதைகளில் இன்னும் எத்தனை பேர்தான் சாவது?” என்று அழுகிறாள் என் காதலி. நாயகியின் அம்மா முதல் அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறாள். அதனால் அம்மாவை பற்றி எழுத வேண்டியதே இல்லை, கதை காதலை விட்டு விலகாமல் போகிறது. என் அம்மாவுக்கு இந்த நாவலைப் பற்றித் தெரியாது. பள்ளி நாள் முதல் நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது அம்மாதான். ஒற்றுப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டுத் தருவாள். இதை மட்டும் காட்டவில்லை. எங்களைப் பற்றி அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் காதலி எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது காய்ச்சலில் விழுந்தாள். இரவெல்லாம் விழித்திருந்து நெற்றியில் ஈரத்துணி போட்டது அம்மாதான். என்மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. சொல்லுங்கள், நாவலை எப்படி முடிக்கட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் உன் அம்மாவின் கைக்குப் போயிருந்தால் ஓர் இடத்தில் பென்சில் நின்றிருக்கும். ‘அம்மாவை பற்றி’ என்று எழுதியிருக்கிறாய். ‘அம்மாவைப் பற்றி’ என்று நடுவில் ‘ப்’ வர வேண்டும். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன், வேறு எங்கும் ஒற்று விடுபடவில்லை. அடுத்த வரியிலேயே ‘நாவலைப் பற்றி’ என்று சரியாக எழுதியிருக்கிறாய். அதைத் திருத்தாமல் அப்படியே அச்சிடச் சொன்னேன். எந்த இடத்தை நீ ஓடிக் கடந்தாய் என்று உன் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

முடிவைப் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. சேர்ந்து வாழட்டும். நம்பும்படி இல்லை என்று சொன்ன அந்த மூத்தவருக்கு இந்தச் சோக முடிவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 1952-இல் அமெரிக்காவில் ‘ஸ்பிரிங் ஃபயர்’ என்று ஒரு மலிவுப் பதிப்பு நாவல் வந்தது. எழுதியவர் மாரிஜேன் மீக்கர். அட்டையில் இருந்தது வின் பாக்கர் என்ற புனைபெயர். கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களின் காதல். மகிழ்ச்சியாக முடிக்கக் கூடாது என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படி முடித்தால் தபால் துறை புத்தகக் கட்டுகளைப் பறிமுதல் செய்துவிடும் என்பது அவருடைய கவலை. அதனால் ஒருத்திக்குப் புத்தி பேதலித்தது. மற்றவள், தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டாள். தபால் கட்டுகள் பத்திரமாகப் போய்ச் சேர்வதற்காக வைத்த முடிவு அது. அதைத்தான் வாழ்க்கையின் உண்மை என்று உன்னிடம் ஒருவர் விற்கப் பார்க்கிறார். அதே ஆண்டு பாட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற புனைபெயரில் ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ எழுதினார். கடைசிப் பக்கத்தில் தெரேஸ் என்ற இளம்பெண், தான் விரும்பும் கேரலை நோக்கி நடந்து போகிறாள். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. அதற்கே நன்றி சொல்லி வாசகர்கள் கிளேர் மார்கனுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். ஆகவே தைரியமாகச் சேர்த்து வை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் எத்தனை பேர் சாவது என்று உன் காதலி அழுதாள் என்கிறாய். நியாயமான அழுகை. ஆனால் உன் நாவலில் ஒருத்தி ஏற்கெனவே செத்துக் கிடக்கிறாள், முதல் அத்தியாயத்தில். அவளை நீங்கள் இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை. எப்படி இறந்தாள், நோயா விபத்தா என்று என்னிடம் சொல்லக்கூட உனக்குத் தோன்றவில்லை. வழியில் நின்றாள், அகற்றினாய்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் பல ஆண்டுகளாக வருகின்றன. கதையாக எழுதுகிறவர்கள், கவிதையாக எழுதுகிறவர்கள், எதுவும் எழுதாமல் மனதுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அம்மா இருக்க மாட்டாள். இறந்திருப்பாள், தொலைவில் இருப்பாள், நினைவு தப்பியிருப்பாள். தெரேஸைப் பற்றிச் சொன்னேனே, அவளுக்கும் அம்மா உயிரோடுதான் இருக்கிறாள். மகளை விடுதியில் விட்டுவிட்டு மறுமணம் செய்துகொண்டு கதைக்கு வெளியே எங்கோ இருக்கிறாள். ஹைஸ்மித் அந்த அம்மாவைக் கொல்லவில்லை. அவள் விட்டுப்போன குழியை மகளின் ஒவ்வொரு பார்வையிலும் தெரிய வைத்தார். நீ குழியையும் மூடிவிட்டாய்.

கதை காதலை விட்டு விலகாமல் போகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஓர் அறைக்குள் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்புவது காதல். அதை எழுதுவது உனக்குக் கடினமாக இருக்காது, நீ அதில் வாழ்கிறாய். ஆனால் நான் இன்னாள் என்று ஒருத்தி சொல்ல வேண்டியது கதவைத் திறந்துகொண்டு இன்னொரு ஆள் உள்ளே வரும்போதுதான். தன்னைப் பெற்றவளே அந்த ஆளாக இருந்தால் குரல் நடுங்கும். அந்த நடுக்கம் இல்லாத நாவலில் உன் நாயகி யார் என்று வாசகருக்குக் கடைசிவரை தெரியாது. அவளுக்கே தெரியாது.

1928-இல் ராட்கிளிஃப் ஹால் எழுதிய ‘தி வெல் ஆஃப் லோன்லினெஸ்’, அதாவது தனிமையின் கிணறு, நீ படித்திருப்பாய். லண்டன் நீதிமன்றம் அதை ஆபாசம் என்று தீர்ப்பளித்துப் பிரதிகளை அழிக்கச் சொன்னது. அந்தப் புத்தகத்தில் படுக்கையறையைப் பற்றி இருப்பதெல்லாம், அன்றிரவு அவர்கள் பிரிந்திருக்கவில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி. இன்றைக்கு அதைப் படிக்கும் இளம்பெண்களில் பலருக்கு அதன் சோகமும் சுயவெறுப்பும் பிடிப்பதில்லை. எனக்கும்தான். ஆனால் அதில் ஓர் இடம் இருக்கிறது. அதற்காக நான் அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பேன்.

நாயகியின் பெயர் ஸ்டீஃபன். ஆண் பிள்ளையை எதிர்பார்த்து முன்பே முடிவு செய்த பெயர், பெண் பிறந்த பிறகும் அப்படியே வைத்துவிட்டார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்பது அவளுடைய அப்பாவுக்குச் சிறு வயதிலேயே புரிந்துவிடுகிறது. மகளிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. பாசத்தால்தான் சொல்லவில்லை. கடைசியில் பனி கனத்து முறிந்த தேவதாரு மரம் அவர்மேல் விழுகிறது. சாகும் நேரத்தில் மனைவியிடம் சொல்ல வாயெடுக்கிறார், சொற்கள் முடியவில்லை. பிறகு அம்மாவுக்கு எப்படித் தெரிய வருகிறது? மகள் ஒரு பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதத்தை, அந்தப் பெண்ணின் கணவன் அம்மாவுக்கு அனுப்பிவைக்கிறான். யாரோ ஒரு அந்நியன் அனுப்பிய தாளில் தன் மகளை அந்தத் தாய் படிக்கிறாள். நீ என் காலடியில் செத்துக் கிடப்பதைப் பார்ப்பதே மேல் என்கிறாள். மகள் தலைகுனியவில்லை. அப்பா உங்களை நேசித்ததுபோலத்தான் நானும் நேசித்தேன், அது நல்லது என்று அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். சொல்லிவிட்டு அப்பாவின் படிப்பறைக்குப் போகிறாள். அவர் பூட்டியே வைத்திருந்த அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே அவளைப் போன்றவர்களைப் பற்றிய ஒரு புத்தகம். பக்க ஓரங்களில் அவருடைய சின்னஞ்சிறு கையெழுத்தில் குறிப்புகள். குறிப்புகளுக்கு நடுவே அவளுடைய பெயர்.

படித்தவர், பக்கத்துக்குப் பக்கம் குறிப்பெடுத்தவர், மகளைப் புரிந்துகொண்ட ஒரே ஆள், பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த அப்பாவின்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. பிள்ளையைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, தாயையும் மகளையும் ஒருவருக்கொருவர் அந்நியர்களாக்கிவிட்டார். இப்போது நீ அந்த அலமாரியைத்தான் உன் வீட்டில் பூட்டிக்கொண்டிருக்கிறாய். உன் நாவல் ஒரு நாள் அச்சாகும். அட்டையில் உன் பெயர் இருக்கும். உன் எழுத்தில் ஒரு வரியையும் விடாமல் படிக்கும் அந்தப் பெண் அதை யாரோ கொடுத்து வாங்கிப் படிப்பாள். முதல் அத்தியாயத்தில் தன் சாவைப் படிப்பாள். பழக்கதோஷத்தால் கையில் பென்சிலும் வைத்திருப்பாள். அந்த நேரத்தில் அவளுடைய முகத்தை உன்னால் கற்பனை செய்ய முடிகிறதா? எழுத்தாளர்தானே நீ, செய்து பார்.

அம்மாவைக் கதைக்குள் வைத்தால் அது அழுமூஞ்சிக் கதையாகிவிடும் என்று பயப்படாதே. ஜெனெட் வின்டர்சன் 1985-இல் எழுதிய ‘ஆரஞ்சஸ் ஆர் நாட் தி ஒன்லி ஃப்ரூட்’ நாவலில் வளர்ப்பு அம்மாதான் மலைபோல் நிற்கிறாள். மகளின் காதலைப் பேய் என்கிறாள், தேவாலயச் சபையைக் கூட்டுகிறாள், வீட்டை விட்டு அனுப்புகிறாள். ஆனாலும் முடிவில் மகள் ஒரு முறை அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். ரிட்டா மே பிரவுனின் ‘ரூபிஃப்ரூட் ஜங்கிள்’, 1973, எனக்கு இன்னும் நெருக்கமானது. மாலி என்ற பெண்ணை அவளுடைய வளர்ப்பு அம்மா கேரி வாய்க்கு வந்தபடி ஏசித் துரத்திவிடுகிறாள். மாலி நகரத்துக்குப் போய்ச் சினிமா படிக்கிறாள். படிப்பு முடிக்க ஒரு படம் எடுக்க வேண்டும். யாரைப் படம் எடுக்கிறாள் தெரியுமா? கேமராவைத் தூக்கிக்கொண்டு கேரியிடம் போகிறாள். நோயாளியாகிவிட்ட அந்தக் கிழவியை ஆடும் நாற்காலியில் உட்கார வைத்து, அவளுடைய வாழ்க்கையை அவளே பேச விடுகிறாள். குறுக்கே பேசாமல் பதிவு செய்கிறாள். தன்னைத் துரத்தியவளுக்கு மாலி அந்த மரியாதையைச் செய்தாள். உன்னைத் துரத்தாதவளுக்கு நீ என்ன செய்தாய்?

சில வீடுகளில் இந்தப் பேச்சு வாயிலிருந்து வந்ததும் அடி விழும், அறை பூட்டப்படும், அவசரமாகக் கல்யாணம் நிச்சயமாகும். அங்கிருந்து வரும் கடிதங்களுக்கு நான் வேறு பதில் எழுதுகிறேன்: முதலில் உன் சம்பாத்தியத்தில் நில், பத்திரமான இடத்துக்குப் போ, பேச்சு பிறகு. அவர்கள் தங்கள் கதைகளில் அம்மாவை எத்தனை முறை கொன்றாலும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். உன் நிலை அதுவல்ல என்று நீயே எழுதியிருக்கிறாய். வேலை இருக்கிறது. கை ஓங்காத அம்மா இருக்கிறாள். உன் காதலியின் நெற்றியில் இரவெல்லாம் ஈரத்துணி மாற்றிப் போட்டவள் அவள். அவளுக்குச் சந்தேகமே இல்லை என்பதற்குச் சாட்சியாக அந்த இரவை என்னிடம் காட்டுகிறாய். அந்த இரவைப் படித்து நான் புத்தகத்தை மூடிவைத்ததுபோல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். விடிய விடியத் துணி நனைத்த ஒருத்தியைப் பற்றி, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் உனக்குத் தோன்றியதா? பிள்ளையின் எழுத்தில் விடுபட்ட ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கும் கண், பக்கத்துப் பாயில் உன் முகத்தைப் பார்க்காமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அவளைத் தெரியாதவளாகவே வைத்திருக்க உனக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

என்னுடைய நம்பிக்கை பழையது, மறைக்கவில்லை. பெற்றவளிடம் பிள்ளை பொய்யாக வாழக் கூடாது. பிள்ளையின் உண்மையைப் பெற்றவள் தாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டும் கடமை. ஒருத்தி தன் பங்கைச் செய்யாமல் மற்றவள் செய்ய மாட்டாள் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதுவது தவறு. இன்னொருத்தியும் இருக்கிறாள். மூன்று ஆண்டுகளாக உன் வீட்டில் ‘தோழி’ என்ற பெயரில் வந்து போகிறவள். காய்ச்சலில் கிடந்தபோதும் தோழியாகவே கிடந்தாள். நாவலில் எங்களைச் சாகடிக்காதே என்று அவள் கேட்பதில் எனக்கு அதுவும் சேர்த்தே கேட்கிறது. அவளுக்கும் நீ கடன்பட்டிருக்கிறாய்.

ஆகவே இதைச் செய். முதல் அத்தியாயத்தைத் தூக்கிப் போடு. அந்த அம்மாவை எழுப்பு. அவளை வில்லியாக்காதே, எல்லாவற்றையும் புன்னகையோடு ஏற்றுக்கொள்ளும் தெய்வமாகவும் ஆக்காதே, அதுவும் ஒருவகைக் கொலைதான். அவளுக்கு நல்ல வசனங்களைக் கொடு. உன் நாயகிக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியையாவது அவள் கேட்க வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்பது உனக்கு முதலில் தோன்றும், அதை அடித்துவிடு, எல்லோரும் எழுதிவிட்டார்கள். ‘எல்லாவற்றையும் என்னிடம்தானே முதலில் காட்டுவாய், இதை ஏன் காட்டவில்லை?’ என்று அவள் கேட்கட்டும். அதற்கு உன் நாயகி சொல்லும் பதிலை எழுத ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதம் ஆகலாம். எழுதி முடிக்கும்வரை கடைசி அத்தியாயத்தின் பக்கமே போகாதே.

எழுதியதும் அச்செடுத்து, பென்சிலைச் சீவி, இரண்டையும் அம்மாவின் மேஜையில் வை. வைத்துவிட்டு வெளியே ஓடிவிடாமல் எதிரே உட்கார். அவள் கடைசித் தாளைப் புரட்டும்வரை எழுந்திருக்காதே.

அதன்பிறகும் முடிவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுது. முதல் அத்தியாயத்தையும் கூடவே அனுப்பு, அம்மாவின் வட்டங்களை அழிக்காமல்.