வளவை விட்டு வெளிக்கிட ஏலாதவர்களுக்கு: ரீச்சரிடம் கேள்வி பதில்

கால் முறிவு, முழங்கால் நோ, துடக்கு, படுக்கையில் இருக்கிற தாய்தகப்பனைப் பார்க்கிற பொறுப்பு. இப்படி ஏதோவொன்றால் வளவுக்குள்ளேயே இருக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர். பறவை, மரம், வேலி பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தோம்.

மானிப்பாய்: காலில் மாவுக்கட்டு, ஆறு கிழமை கட்டில்தான். யன்னலால் ஒரு மாமரமும் கிணத்தடியும் தெரியுது. என்ன செய்யலாம் ரீச்சர்?

முதலில் கட்டிலைத் திருப்புங்கோ. தலைமாடு யன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கலாம். காலமை வெயில் முகத்தில் அடிக்கிற யன்னல் என்றால் பின்னேரம் பாருங்கோ. வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் எல்லாக் குருவியும் கறுப்பாய்த்தான் தெரியும்.

பிறகு ஒரு தண்ணிச் சட்டி. ஒன்றேகால் அடி அகலமான மண்சட்டி, ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று. யன்னலில் இருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், மூன்றடி உயரத்தில், மத்தியான வெயில் படாத இடத்தில் வையுங்கோ. செடி பற்றை எட்டு அடி தள்ளி இருக்கட்டும். அதைவிடக் கிட்ட இருந்தால் பூனை பதுங்கும், அதைவிடத் தூரம் என்றால் குருவிக்குப் பறந்து ஒளிக்க இடமில்லை. முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் வராமல் இருக்கலாம். சட்டியை இடம் மாத்தாதேங்கோ.

காரியம் கெடுகிறது பெரும்பாலும் காகத்தால். எலும்பு, காய்ந்த பாண் எல்லாம் கொண்டுவந்து சட்டியில் ஊறவைக்கும். காகத்துக்கென்று கிணத்தடிக்குப் பக்கத்தில் வேறொரு பெரிய சட்டி வைத்தால் பிரச்சினை பாதியாகக் குறையும்.

இப்ப கவனமாய்க் கேளுங்கோ. தண்ணியை ஒவ்வொரு நாளும் ஊத்தினால் மட்டும் காணாது. டெங்கு நுளம்பு முட்டை இடுகிறது தண்ணிக்குள் இல்லை, தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில். அந்த முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடக்கும், திரும்பத் தண்ணி பட்டால் பொரிக்கும். தும்பால் உட்சுவரைச் சுற்றித் தேய்த்து, ஊத்திற தண்ணியை மண்ணில் ஊத்துங்கோ, வாய்க்காலில் வேண்டாம். எழும்ப ஏலாத நீங்கள் இதை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைக்க வேணும். ஆள் இல்லை என்றால் சட்டியே வேண்டாம், மாமரம் போதும்.

பருத்தித்துறை: பிளாஸ்ரிக் பேசினில் வைக்கலாமா?

வழுக்கும். உள்ளே மணல் போட்டால் தேய்க்க ஏலாது. மண்சட்டி.

சாவகச்சேரி: விடியவும் பொழுதுபடவும் மட்டும் ஒரு குருவி இரண்டு சுருதியில் விசிலடிக்குது. ஆளைக் காண இல்லை.

நல்ல கேள்வி. ஆறுமணிக் குருவி. கத்துகிற நேரத்தாலேயே பெயர் வந்தது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, புரட்டாதி ஐப்பசியில் இங்கே இலங்கைக்கு வந்து சித்திரையளவில் திரும்பிப் போகிறது. பச்சை முதுகு, மங்கல் மஞ்சள் நெஞ்சு, வாலடியில் சிவப்பு, செட்டையில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி. இவ்வளவு நிறம் இருந்தும் தெரியாததற்குக் காரணம், அது மரத்தில் தேடுகிற குருவி இல்லை. நிலத்தில், சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்னும். நீங்கள் மேலே பார்த்தபடி இருப்பீர்கள், அது மாமரத்தடியில் தத்தித் திரியும்.

அதனால்தான் விளக்குமாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கு. எங்கடை ஆட்கள் ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு விழக் கூட்டி, குவித்து, கொளுத்தி வளவை வெறும் மணலாய் வைத்திருக்கிறதைத்தான் வடிவு என்று நினைக்கிறார்கள். அந்த மணலில் ஒரு மண்புழுவும் இல்லை. வேலியோரம் ஆறடிக்கு ஆறடி ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கோ, நாலு விரல் தடிப்புக்குச் சருகு கிடக்கட்டும். ஆறுமணிக் குருவி மட்டுமில்லை, புலுனிக் கூட்டமும் நாள் முழுக்க அங்கேதான் நிற்கும்.

அளவெட்டி: சருகு விட்டால் பாம்பு வராதா?

வரலாம். அதனால் வாசலில் இருந்து முப்பதடி தள்ளி விடுங்கோ. சுருட்டை விரியன் எங்கடை மண்ணில் தாராளம், சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்குப் படாது. அந்த மூலையில் கையை விடாதேங்கோ, வெறுங்காலோடு போகாதேங்கோ, இரவில் ரோச் இல்லாமல் போகவே போகாதேங்கோ. கடித்தால் கட்டுப் போடுகிறது, கீறுகிறது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

சென்னை: புலுனி என்றால் எது?

உங்கடை தவிட்டுக்குருவி.

கொக்குவில்: அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, விறாந்தைச் சாய்மனைக் கதிரைதான் அவவுக்கு உலகம். வேலியை எடுத்துப்போட்டு ஆறடி மதில் கட்டச் சொல்லி அண்ணை காசு அனுப்பியிருக்கிறார். கட்டலாமா?

கட்டினால் அம்மாவுக்கு மிஞ்சுகிறது சீமெந்து மட்டும்தான். வேலி என்பது நிற்கிற மரம். முள்முருக்கு தை மாசியில் இலை கொட்டிப் பூக்கும். அந்தச் சிவப்புப் பூவுக்கு மைனா, தேன்சிட்டு, கரிச்சான் எல்லாம் வரும். பூவரசின் அகல இலையைத் தையல்சிட்டு தைத்துக் கூடு கட்டும். ஒழுங்கையால் போகிற சைக்கிள் மணி, மீன்காரன் சத்தம், பொட்டு ஓட்டைக்குள்ளால் பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் வேலிக்குள்ளால்தான் வரும்.

உரும்பிராய், மேசன் வேலை செய்பவர்: ரீச்சர் மன்னிக்க வேணும். வருசா வருசம் வேலி அடைக்கக் கூலியாளும் இல்லை, கிடுகும் இல்லை. கட்டாக்காலி மாடு தலையைப் போட்டால் வாழையெல்லாம் போச்சு. வயசான மனிசி தனிய இருக்கிற வீட்டுக்கு மதில்தான் காவல்.

கூலியாள் இல்லை என்கிறது சரி. காவல் என்கிறதை ஒத்துக்கொள்ள மாட்டன். ஆறடி மதிலுக்குள் குதித்தவனை ஒழுங்கையில் போகிற ஒருத்தரும் காணமாட்டினம்.

ரொறன்ரோ: எல்லை வழக்கை மறந்துபோனியளோ ரீச்சர்? ஒவ்வொரு முறை அடைக்கையிலும் கதியால், அதுதான் வேலிக்கு நடுகிற தடி, ஒரு சாண் அங்காலை போகும். பிறகு கோடு (நீதிமன்றம்), பிரக்கிராசி (வக்கீல்), அரை வளவு விற்றுச் செலவு. மதில் நகராது.

மதிலும் நகரும், அத்திவாரம் வெட்டுகிற அன்று ஒரேயடியாய். நில அளவையாளர் போட்ட கல்லுத்தான் எல்லை, வேலியும் இல்லை மதிலும் இல்லை.

உரும்பிராய்: அப்ப நடுவழி சொல்லுங்கோ. நாலடி மதில், உள்ளுக்கு மரம்?

இதுதான் சரியான கதை. மதில் நாலடியோடு நிற்கட்டும். அடியில் பத்தடிக்கு ஒன்றாய் அரையடித் துவாரம் விடுங்கோ, மாரி வெள்ளமும் ஓடும், கீரியும் போய்வரும். உள்ளுக்கு மூன்றடி தள்ளிக் கதியால் நடுங்கோ. கிட்ட நட்டால் பூவரசு வேர் அத்திவாரத்தைப் பதம் பார்க்கும்.

கதியால் மணிக்கட்டுப் பருமன், ஆறு ஏழடி நீளம், முற்றின கொப்பு. பச்சைத் தண்டு அழுகும். அடியும் நுனியும் சரிவாய் ஒரே வெட்டு, பட்டை கிழியக் கூடாது. ஐப்பசி மழை விழுந்து மண் ஊறின பிறகு அலவாங்கால் ஒன்றரையடி குழி போட்டு இறக்கி, சுற்றி இறுக்குங்கோ. சுத்தியலால் அடித்து இறக்கினால் அடிப்பட்டை நசிந்து அங்கேயே அழுகல் தொடங்கும். தலைகீழாய் நடுகிற ஆட்களும் உண்டு, கணுவைப் பார்த்து நடுங்கோ. இரண்டரை அடிக்கு ஒன்று போதும். சீமைக்கிளுவையும் பூவரசும் சுகமாய் வரும். முள்முருக்கு இலை கட்டிகட்டியாய்ச் சுருண்டால் அது ஒரு சின்னக் குளவியின் வேலை, அந்தக் கொப்பை வெட்டி எரியுங்கோ.

ரொறன்ரோ: வெட்டின குழையை என்ன செய்கிறது?

ஆட்டுக்கு. ஆடில்லை என்றால் வாழையடிக்கு. வேலிக்கதை இத்தோடு காணும், வேறு ஆட்கள் காத்திருக்கினம்.

நல்லூர்: இரவில் ஆந்தை கத்துது. வருத்தக்காரர் இருக்கிற வீடு. கலைக்கலாமா?

எலி பிடிக்க வந்திருக்கு. விடுங்கோ.

சுன்னாகம்: மரங்கொத்தி தென்னையைக் கொத்துது. மரம் படுமா?

படாது. அது பூச்சி தேடுது. முதுகைப் பாருங்கோ, பொன்மஞ்சளாய் இருக்கும். இலங்கையின் தெற்கே அதே சாயலில் இருக்கிறதுக்கு முதுகு சிவப்பு. வீட்டில் விழாத தூரத்தில் பட்ட தென்னை நின்றால் தறிக்காதேங்கோ. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் பிறகு மைனாவும் கிளியும் குடியிருக்கும்.

காரைநகர்: பூநாரை பார்க்க ஆசை.

வளவுக்கு வராது. கால் சுகமானதும் கடல்நீரேரிப் பக்கம் போங்கோ.

கோண்டாவில்: அப்பா மூன்று மாதமாய் அறையை விட்டு வெளியில் வாறார் இல்லை. சாப்பாடு குறைவு, நித்திரை இல்லை, இருந்து என்ன பயன் என்கிறார். குருவி பார்க்க வைத்தால் தெளிவாரா?

இது குருவிக் கேள்வி இல்லை மகள். இண்டைக்கே 1926க்கு எடுத்துக் கதையுங்கோ, இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். கிட்டடி ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ. அதுவரைக்கும் அவரைத் தனிய விடாதேங்கோ, தோட்டத்துப் பூச்சிமருந்துப் போத்தல்களைப் பூட்டி வையுங்கோ. கதிரையை மாமரத்தடியில் போடுகிறது அதுக்குப் பிறகு.

வேலணை: சோறு வைக்கலாமா?

உப்பில்லாமல், ஒரு பிடி, காலமை. பொழுதுபட மிச்சம் கிடக்கக் கூடாது. மிச்சத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் வாறதை அளவெட்டிக்காரருக்குச் சொல்லியாச்சு.

நீர்வேலி: சருகு விட்டால் பாம்பு வருமே?

மேலே.

தெல்லிப்பழை: மாரியில் சட்டிக்குத் தானாய்த் தண்ணி நிரம்புமே, விட்டுவிடலாமா?

விடவே கூடாது. டெங்கு கூடுகிற காலமே அதுதான். அடைமழை நாளில் குருவிக்கு உங்கடை தண்ணி தேவையில்லை. சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கோ.

அச்சுவேலி: ரீச்சர், பழைய பெயின்ற் வாளி மூடி இருக்கு, பிளாஸ்ரிக்தான்...

மண்சட்டி, தம்பி. தும்பும் வாங்கிக்கொண்டு வாங்கோ.