இலவசக் கற்பித்தல் தளங்கள்: மும்பை ஆசிரியர்கள் கேட்டவையும் பதில்களும்

மும்பை, தாணே, நவி மும்பைப் பகுதிகளில் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாடம், தேர்வு, மதிப்பெண் ஆகியவற்றை இணையத்தில் நடத்த உதவும் மென்பொருளான மூடுலில் இயங்கும் ஒரு கல்லூரித் தளத்தைப் பராமரிப்பதும் ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி அளிப்பதும் என் பணி. ஆகவே இணையவழித் தேர்வு, வினா வங்கி, மதிப்பெண் பதிவு, தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுத முடியும். ஸ்மார்ட் போர்டு வாங்குவது, கணினி பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு வேறொருவரைக் கேட்பதே நல்லது.

செம்பூர், தலைமையாசிரியை: கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் இரண்டுக்குமே கட்டணம் இல்லை என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கு எதை எடுப்பது?

அம்மா, கட்டணம் இல்லாவிட்டாலும் செலவு இரண்டிலும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002 ஆகஸ்டில் முதல் பதிப்பாக வெளியிட்ட மூடுலை யார் வேண்டுமானாலும் இறக்கி நிறுவிக்கொள்ளலாம், மாற்றியும் அமைக்கலாம். ஆனால் அதை வைக்க சர்வர் இடம் வேண்டும், அதற்கு வாடகை உண்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் அவற்றை ஏற்ற ஓர் ஆளும் வேண்டும். கூகுள் நிறுவனமே தன் சர்வரில் நடத்தும் கிளாஸ்ரூமில் இந்தச் சுமை எதுவும் உங்களுக்கு இல்லை. பள்ளிக்கென்று ஓர் இணைய முகவரி இருந்து, கல்வி நிறுவனம் என்பதற்கான சான்றுகளுடன் விண்ணப்பித்தால், அடிப்படைக் கல்விப் பதிப்பைக் கட்டணமின்றித் தருகிறார்கள். ஆனால் விதிகளை வகுப்பவர்கள் அவர்கள். முன்பு பள்ளிகளுக்கு வரம்பில்லாமல் இருந்த சேமிப்பிடம், இப்போது ஒரு நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்று சுருக்கப்பட்டிருப்பதை நினைவில் வையுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: உங்கள் கணினி ஆசிரியர் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டால் தளத்தை யார் பார்த்துக்கொள்வார்? அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால் மூடுலை எடுங்கள். அதன் வினா வங்கியும் மதிப்பெண் ஏடும் கிளாஸ்ரூமில் இருப்பவற்றைவிடப் பல மடங்கு வலுவானவை. பெயர் சொல்ல முடியாவிட்டால் கிளாஸ்ரூமே பொருத்தம். திருத்தம் ஏற்றாமல் விடப்பட்ட மூடுல் தளம் மாணவர் விவரங்களுக்கு ஆபத்தானது.

எதை எடுத்தாலும், ஒவ்வொரு பருவத்தின் கடைசி நாளிலும் மதிப்பெண்களையும் வினாக்களையும் கோப்பாக வெளியே எடுத்துப் பள்ளியில் வையுங்கள். இதை இந்தப் பக்கத்தில் மீண்டும் மீண்டும் சொல்வேன்.

சயான் கோலிவாடா, தனிப்பயிற்சி ஆசிரியர்: எனக்குப் பள்ளிக் கணக்கு கிடையாது. சொந்த ஜிமெயிலில் கிளாஸ்ரூம் நடத்தலாமா?

நடத்தலாம், 2017 முதல் தனிநபர் கணக்குகளுக்கும் அது திறந்துவிடப்பட்டுள்ளது. ஒரு வகுப்பில் 250 பேர் வரை சேரலாம் என்பதால் உங்களுக்கு அது தாராளம். இலவசச் சேமிப்பிடம் 15 ஜிபிதான். மாணவர்கள் அனுப்பும் படங்களால் அது விரைவில் நிறைந்துவிடும். சிறு பிள்ளைகளுக்குப் பொய் வயது கொடுத்துக் கணக்குத் தொடங்கிக் கொடுக்காதீர்கள். 13 வயது நிறையாதவர்கள் என்றால் பெற்றோரின் மேற்பார்வைக் கணக்கு வழியாகவே சேருங்கள்.

மாட்டுங்கா, தமிழ் ஆசிரியை: கூகுள் படிவத்தில் குறுவிடை வினாக்கள் வைத்தேன். “ஔவையார்” என்று சரியாக எழுதிய பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தவறு என்று வந்துவிட்டது. திரையில் பார்த்தால் எழுத்தில் வேறுபாடே இல்லை. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்காகவே இந்த அமர்வை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். படிவம் விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டைக் கொடுக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் ஔ என்பது தனி எழுத்து. பிள்ளைகள் பலர் ஒ எழுதி அதன் பக்கத்தில் ளகரத்தை இடுகிறார்கள். “ஔவையார்”, “ஒளவையார்” என்ற இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தோன்றும்; கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். “பௌர்ணமி”, “கௌதமன்” போன்ற சொற்களிலும் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் வந்து இதே சிக்கலை உண்டாக்கும்.

அடுத்தது, ஒகர ஓகாரக் குறிகள். “கொ” என்பதன் குறியை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம், கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் பதிக்கலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் சமமாகவே கருதச் சொல்கிறது. மென்பொருள் ஒப்பிடும் முன் அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் சிக்கல் இல்லை, கொண்டுவராவிட்டால் சரியான விடை தவறாகிவிடும். கால் குறி இட வேண்டிய இடத்தில் ரகரத்தை எழுதுவது, விடையின் முடிவில் ஓர் இடைவெளி விடுவது ஆகியவையும் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். விடைக்குறிப்பில் ஒரே விடையின் பல வடிவங்களைச் சேர்க்க முடியும். ஔ வரும் சொல்லுக்கு இரண்டு வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். மதிப்பெண்ணை உடனே காட்டாமல், நீங்கள் பார்த்த பிறகு வெளியிடும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையின் தட்டச்சுப் பழக்கத்தை வகுப்பில் பொறுமையாகத் திருத்துங்கள். ஆனால் தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தட்டச்சுக்காக மதிப்பெண் குறையக் கூடாது. தானாகத் திருத்தும் வசதியை நம்பி ஆசிரியர் விடைத்தாளைப் பார்க்காமல் விடுவது தமிழ்ப் பாடத்தில் அநியாயமாகவே முடியும்.

டோம்பிவிலி: ஆசிரியர்களுக்கு மிகச் சிறந்த இலவச மென்பொருள் எது?

எந்த வகுப்பு, எந்தப் பாடம், மாணவர்களிடம் என்ன கருவி இருக்கிறது என்று எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

தாராவி, மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை: ஐயா, எங்கள் பிள்ளைகளின் வீட்டில் கைபேசி ஒன்றுதான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் பாடத்தைப் போட்டால் இரவில் பார்க்கிறார்கள். மூடுல், கிளாஸ்ரூம் போன்ற எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மைத் தளம்) எதுவும் எங்களுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பெற்றோர் ஏற்கெனவே பயன்படுத்தும் வழியில் போய்ச் சேருவது சரியான முடிவு, அம்மா. செய்தி சொல்ல வாட்ஸ்அப்பைவிட எளிய வழி இல்லை. ஆனால் பிள்ளையின் வேலையைச் சேர்த்துவைக்க அது பயன்படாது. ஜூனில் அனுப்பிய விடைத்தாள் படத்தை டிசம்பரில் தேடினால், அது யாரோ ஒருவரின் கைபேசியில் இருந்தால்தான் உண்டு. அதைவிடப் பெரிய கவலை, குழுவில் உள்ள எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிவது.

முலுண்ட், ஆசிரியர் (இடையில் எழுதியது): பெண் பிள்ளைகளின் வீட்டு எண்கள் ஐம்பது குடும்பங்களுக்குத் தெரிவது எப்படிச் சரியாகும்? வாட்ஸ்அப்பைப் பள்ளிகளில் தடை செய்வதே முறை.

தாராவி ஆசிரியை: தடை செய்தால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு எதுவுமே போய்ச் சேராது. முலுண்டில் எல்லோர் வீட்டிலும் மடிக்கணினி இருக்கலாம்.

பாண்டுப், ஆசிரியை: இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எங்கள் பள்ளியில் பெற்றோர் ஒருவர் எண்ணை எடுத்து வேறொருவருக்குத் தொல்லை கொடுத்த பிறகு குழுவையே கலைத்துவிட்டோம். அதற்குப் பிறகு வீட்டுப்பாடம் போய்ச் சேர்வதும் நின்றுவிட்டது.

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மற்றக் கேள்விகள் சற்றுக் காத்திருக்கட்டும். தடை என்பதை நான் ஏற்கவில்லை. சென்று சேராத பாடம் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தும் பயனில்லை. அதே சமயம் எண்கள் வெளியாவதைப் பொறுத்துக்கொள்ளவும் தேவையில்லை. சாதாரணக் குழுவுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ‘கம்யூனிட்டி’ ஒன்றைத் தொடங்கி, அதன் அறிவிப்புப் பகுதியில் மட்டும் பெற்றோரைச் சேருங்கள். அங்கே நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும்; உறுப்பினர்களின் எண்கள் நிர்வாகிகளுக்கும், ஏற்கெனவே அந்த எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. எனவே பெற்றோரின் இசைவை எழுத்தில் வாங்கிப் பள்ளிக் கோப்பில் வைப்பது ஆசிரியருக்கும் பாதுகாப்பு.

முலுண்ட் ஆசிரியர்: அப்படியானால் விடைத்தாள்களை எங்கே வாங்குவது? சுற்றிச் சுற்றி எல்எம்எஸ்ஸுக்குத்தானே வருகிறோம்?

எல்லோருக்கும் அது கட்டாயம் இல்லை, நண்பரே. கைபேசி இரவில் மட்டும் கிடைக்கும் வீட்டில், அறிவிப்பு வாட்ஸ்அப்பிலும் விடை நோட்டுப் புத்தகத்திலும் இருக்கட்டும். மறுநாள் வகுப்பில் ஆசிரியை திருத்தட்டும். மாணவர் கையிலேயே கைபேசி இருக்கும் மேல்வகுப்புகளுக்கு மூடுல் செயலி பொருந்தும். பாடத்தைப் பள்ளியில் இறக்கிக்கொண்டு வீட்டில் இணையம் இல்லாமல் படிக்கலாம். ஆசிரியர் அனுமதி அளித்திருந்தால் வினாடி வினாவுக்கும் இணையமின்றியே விடையளித்து, பிறகு இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பலாம். தாராவியின் தேவையை முலுண்டை வைத்து அளக்க வேண்டாம். முலுண்டின் கவலையையும் தாராவி ஒதுக்கிவிட வேண்டாம்.

வாஷி, கணித ஆசிரியர்: கணிதம், அறிவியலுக்குச் செயல்முறையாகக் காட்ட என்ன இருக்கிறது?

வடிவியலுக்கும் வரைபடங்களுக்கும் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கிய இதைக் கணினியில் நிறுவி இணையம் இல்லாமலும் இயக்கலாம். முக்கோணத்தின் ஓர் உச்சியைப் பிடித்து இழுக்கும்போது கோணங்கள் மாறினாலும் கூடுதல் 180 பாகையாகவே நிற்பதை மாணவர் தம் கையால் செய்து பார்ப்பது, கரும்பலகையில் ஒரே ஒரு முக்கோணத்தைக் காட்டுவதைவிட ஆழமாகப் பதியும். அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது அது. பலவற்றுக்குத் தமிழ் வடிவம் உண்டு, கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளலாம். மின்சுற்றை அமைக்கும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒரே பாடவேளையில் மூன்று நான்கு உருவகங்களைக் காட்டாதீர்கள்; ஒன்றைக் கொடுத்து, என்ன நடக்கும் என்று முதலில் எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு இயக்கச் சொல்லுங்கள்.

கல்யாண்: சிறந்த இலவச எல்எம்எஸ் எது?

செம்பூர்த் தலைமையாசிரியைக்கு எழுதியதைப் படியுங்கள்.

காட்கோபர்: நேரலை வகுப்பு பாதியில் அறுந்துவிடுகிறது. நேர வரம்பில்லாத செயலி உண்டா?

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ இருந்தால் 60 நிமிடம். கட்டற்ற மென்பொருளில் பிக்புளூபட்டன் வகுப்புக்கென்றே செய்யப்பட்டது, மூடுலோடு இணையும். ஆனால் சொந்தமாக நிறுவ வலுவான சர்வர் வேண்டும். என்னைக் கேட்டால் 40 நிமிடத்துக்குள் வகுப்பை முடியுங்கள். அதற்கு மேல் சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது.

தாணே, ஆசிரியை: ஜாம்போர்டில் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பலகைகள் இருந்தன. இப்போது திறக்கவே இல்லை.

கூகுளின் அந்த மின்பலகைச் சேவை 2024 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டது. பிடிஎஃபாக மாற்றிக்கொள்ள முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்திருந்தார்கள். உங்கள் கூகுள் டிரைவில் பிடிஎஃப் வடிவில் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2008இல் தொடங்கி உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய வகுப்புத் தளமான எட்மோடோ 2022 செப்டம்பர் 22 அன்று மூடப்பட்டது. மாணவர்கள் காணொளியில் பேசிப் பழகிய ஃப்ளிப் 2024 ஜூலையில் தனிச் சேவையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. இவற்றில் எதுவும் தரக்குறைவான கருவி அன்று. ஆகவேதான் புதிய கருவி எதிலும் முதல் பாடத்தை ஏற்றும் முன், ஏற்றியதை வெளியே எடுக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள் என்கிறேன். மூடுலில் பாடம் முழுவதையும் ஒரே காப்புக் கோப்பாக எடுக்கலாம். வினாக்களை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து வேறு மூடுல் தளத்தில் ஏற்றலாம்.

அந்தேரி, தமிழ் ஆசிரியர்: பாமினி எழுத்துருவில் பல ஆண்டு வினாத்தாள்கள் வைத்திருக்கிறேன். தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது.

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கிலம்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் பல இருக்கின்றன. ஒரு பக்கத்தை முதலில் மாற்றி, வரிக்கு வரி படித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள். இடையில் ஆங்கிலச் சொல்லோ கணிதக் குறியோ இருந்தால் அதுவும் சேர்ந்து மாறிவிடும். இனிமேல் தமிழ்99 விசைப்பலகையில் ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

மீரா ரோடு: நல்ல இலவச மென்பொருள் ஒன்றைப் பரிந்துரைக்கவும்.

இதே கேள்வி மூன்றாம் முறை வருகிறது. பாடமும் வகுப்பும் எழுதாத கேள்விகளுக்கு இனி பதில் எழுத இயலாது.

குர்லா, ஆசிரியர்: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விடைத்தாள் திருத்தலாமா?

என் துறைக்கு வெளியே உள்ள கேள்வி. மாணவர் பெயரோடு விடைத்தாளை எந்த வெளித்தளத்திலும் ஏற்றாதீர்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கோவண்டி, தொண்டு நிறுவன மாலைப் பள்ளி: எங்களிடம் நன்கொடையாக வந்த பழைய கணினிகள் இருக்கின்றன, இணைய இணைப்பு இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?

நிறையவே செய்ய முடியும். கோலிப்ரி என்ற கட்டற்ற தளம் இணையம் இல்லாத இடங்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. இணையம் உள்ள ஓரிடத்தில் பாடங்களை ஒரு கணினியில் இறக்கி, அதை உங்கள் அறையில் வைத்துவிட்டால் மற்றக் கணினிகள் உள்வலையமைப்பு வழியாக அதிலிருந்தே படிக்கும். யார் எந்தப் பயிற்சியை முடித்தார் என்ற பதிவும் அதிலேயே இருக்கும். இணையப் பக்கங்களை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கி வைக்கலாம். லிப்ரெஆஃபீஸ் போன்ற மென்பொருள்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க, பவாயில் உள்ள மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகளில் தமிழ்க் குரலில் உள்ளவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். அரசின் பள்ளிக்கல்வித் தளமான தீக்ஷாவிலும் தமிழ்ப் பாடங்கள் உண்டு. ஆனால் அவற்றில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியவை இருப்பதால், மகாராஷ்டிரப் பாடநூலோடு அலகு அலகாக ஒப்பிட்ட பிறகே வகுப்பில் காட்டுங்கள். முதலில் ஒரே ஒரு கணினியில் கோலிப்ரியை நிறுவிப் பாருங்கள். நினைவகம் எவ்வளவு, எந்த இயங்குதளம் என்று எழுதினால் எந்தப் பதிப்பு பொருந்தும் என்று சொல்கிறேன்.