போருக்கு முந்தைய இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தை வைத்து அரசியல் த்ரில்லர் எழுதுவது எப்படி?

கேள்வி: 1939 கோடைக்கால இங்கிலாந்து. அரசியலில் செல்வாக்குள்ள ஒரு பிரபுவின் மகள், தன் வீட்டுக்குள்ளேயே ஒரு சதி நடப்பதைக் கண்டுபிடிக்கிறாள். இப்படி ஒரு நாவல் எழுதுகிறேன். வரலாறு பிசகாமல், நம்பும்படி எழுத எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

முதலில் அப்பாவைச் சரியாக எழுதுங்கள். இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். அவரை ஹிட்லர் பக்தராகவோ, பணத்துக்கு நாட்டை விற்பவராகவோ எழுதிவிட்டால் பத்தாவது பக்கத்திலேயே வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும். போரைத் தவிர்க்க எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்த பிரபுக்களில் பலர் அன்பான தகப்பன்மார்கள். 1914–18 போரில் முன்வரிசையில் நின்ற இளம் அதிகாரிகள் அவர்களுடைய தம்பிகளும் பள்ளித் தோழர்களும்தான். அதனால் அந்த வர்க்கத்து இளைஞர்கள் சராசரியைவிட அதிக விகிதத்தில் செத்தார்கள். இன்னொரு போர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கும் இருந்தது. ஜெர்மனி குண்டுவீசத் தொடங்கினால் 60 நாளில் 6 லட்சம் பேர் இறப்பார்கள், 12 லட்சம் பேர் காயப்படுவார்கள் என்று 1937-இல் அரசுத் தரப்பிலேயே மதிப்பிட்டிருந்தார்கள். அந்த எண்ணை நம்பும் ஒருவருக்கு, சமாதானத்துக்குக் குறுக்கே நிற்கும் இளம் எம்.பி. ஒருவரின் வாயை அடைப்பது பாவமாகத் தெரியாது. உங்கள் கதையின் பயங்கரம் அங்கிருந்துதான் வர வேண்டும்.

வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸை ஒரு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். நமக்கு இர்வின் பிரபு என்ற பெயரில் தெரிந்தவர், காந்தியுடன் ஒப்பந்தம் போட்ட அதே வைஸ்ராய். 1937 நவம்பர் 19 அன்று பெர்ஹ்டெஸ்காடனில் ஹிட்லரைப் பார்க்கப் போனார். காரிலிருந்து இறங்கும்போது கறுப்புக் கால்சட்டை போட்ட இரண்டு கால்கள் மட்டும் கண்ணில் பட, வீட்டுப் பணியாள் என்று நினைத்து மேல்கோட்டைக் கொடுக்கப் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் ‘ஃப்யூரர், ஃப்யூரர்’ என்று காதோடு சொன்ன பிறகே விஷயம் புரிந்தது. காந்தியைச் சுட்டுவிடுங்கள் என்று அந்தச் சந்திப்பில்தான் ஹிட்லர் அவருக்கு யோசனை சொன்னார். இதையெல்லாம் நேரில் கேட்டுவிட்டு வந்தும், பேசினால் வழி பிறக்கும் என்று நம்பினார் ஹாலிஃபாக்ஸ். அந்த நம்பிக்கையின் உள்மனதை எழுதிவிட்டால் உங்களுக்கு அப்பா கிடைத்துவிட்டார்.

நிஜமாகவே நாஜிகளோடு ஒட்டி உறவாடியவர்களும் இருந்தார்கள். அவர்களைத் துணைப் பாத்திரங்களாக வையுங்கள். முன்னாள் விமானப்படை அமைச்சர் லண்டன்டெரி பிரபு, 1936-இல் வட அயர்லாந்தில் உள்ள தன் மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் ஹிட்லரின் ராஜதந்திரி ரிப்பன்ட்ராப்பை விருந்தாளியாக வைத்திருந்தார். அங்கே ரிப்பன்ட்ராப் பரிசாகக் கொடுத்தது கொடி பிடித்து நிற்கும் ஒரு எஸ்.எஸ். (நாஜிப் படை) வீரனின் வெள்ளைப் பீங்கான் பொம்மை. மாளிகையின் அலங்காரப் பொருட்களுக்கு நடுவே அது அப்படியே நின்றது. கதாநாயகி தினமும் கடந்துபோகிற, ஒரு நாள் மட்டும் உற்றுப் பார்க்கிற பொருள் என்றால் இப்படி ஒன்றாக இருக்க வேண்டும். ராம்சே என்ற ஆளுங்கட்சி (கன்சர்வேடிவ்) எம்.பி. 1939 மே மாதம் தொடங்கிய ‘ரைட் கிளப்’ என்ற ரகசிய நாஜி ஆதரவு அமைப்பின் உறுப்பினர் பட்டியலைப் பூட்டுப் போட்ட சிவப்புத் தோல் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார். கற்பனையில் எழுதினால் மிகை என்பார்கள். அந்தப் பேரேடு இன்றும் இருக்கிறது.

அடுத்தது காலண்டர். நான்கே வாரத்தில் கதையை முடிக்க வரலாறே வழி செய்து கொடுத்திருக்கிறது. ஆகஸ்ட் 2 அன்று மக்களவையை அக்டோபர் 3 வரை ஒத்திவைக்கப் பிரதமர் சேம்பர்லின் தீர்மானம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து ரொனால்ட் கார்ட்லண்ட் என்ற இளம் எம்.பி., இன்னும் ஒரு மாதத்தில் நாம் போருக்குப் போய்ச் சாக வேண்டியிருக்கலாம் என்று தன் கட்சித் தலைவர் முகத்துக்கு நேரே பேசினார். 1940 மே மாதம் டன்கிர்க் பின்வாங்கலில் கொல்லப்பட்டார். சபை கலைந்ததும் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தில் க்ரௌஸ் பறவை வேட்டைக் காலம் தொடங்கும். பிரதமரும் வடக்கே மீன் பிடிக்கப் போயிருந்தார். அரசியல் முழுவதும் கிராம மாளிகைகளுக்கு இடம் மாறிய அந்த மூன்று வாரமே உங்கள் கதைக்களம். ஆகஸ்ட் 23-இல் ஜெர்மனி–சோவியத் ஒப்பந்தம். 24-இல் நாடாளுமன்றம் அவசரமாகக் கூடி அவசர அதிகாரச் சட்டத்தை நிறைவேற்றியது. 25-இல் போலந்துடன் உடன்படிக்கை. செப்டம்பர் 1-இல் போலந்து மீது தாக்குதல். பிரிட்டனில் இரவு விளக்குகளை மறைக்கும் இருட்டடிப்பு, நகரங்களிலிருந்து குழந்தைகள் வெளியேற்றம். மூன்றே நாளில் சுமார் 15 லட்சம் பேர் ஊர் மாறினார்கள். 2-ஆம் தேதி இரவு லண்டனில் இடியும் மழையும். கொட்டும் மழைக்கு நடுவே அமைச்சரவை கூடியது. மறுநாள் காலை 11 மணிக்கு ஜெர்மனிக்குக் கொடுத்த கெடு முடிந்தது. 11.15-க்கு ரேடியோவில் பிரதமரின் பேச்சு. சில நிமிடங்களில் சைரன். அது பொய் எச்சரிக்கை.

சதிக்கு ஒரு காரியம் வேண்டும் என்றால் அதற்கும் அசல் உண்டு. ஜூலை மாதம் திமிங்கில வேட்டை பற்றிய மாநாட்டுக்காக லண்டன் வந்த, ஹிட்லரின் தளபதி கோரிங்கின் பொருளாதார அதிகாரி ஹெல்முட் வோல்டாட், பிரதமரின் வலது கை ஹோரஸ் வில்சனைச் சந்தித்துச் சமரசம் பற்றிப் பேசினார். விஷயம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. உங்கள் கதையில் அது கசியாமல் இருப்பதற்காக ஒருவர் செத்தால் போதும்.

பட்டங்களில் எல்லாருமே தப்பு செய்கிறார்கள். டியூக், மார்க்விஸ், ஏர்ல் ஆகியோரின் மகள்களை மட்டும்தான் பெயருக்கு முன் ‘லேடி’ போட்டு அழைப்பார்கள். வைகவுண்ட், பாரன் (Baron) ஆகியோரின் மகள் பேச்சில் வெறும் ‘மிஸ்’. பாரனின் மகளும் ஹிட்லரின் அபிமானியுமான யூனிட்டி மிட்ஃபோர்டை ‘லேடி யூனிட்டி’ என்று எழுதினால் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். டியூக்கைத் தவிர மற்ற பிரபுக்களின் மனைவிக்கு ‘லேடி’யுடன் கணவரின் பட்டப்பெயர் வரும், அவளுடைய சொந்தப் பெயர் வராது. பிரபு மக்களவையில் உட்கார முடியாது, அவர் இடம் பிரபுக்கள் சபை. ஆனால் வாரிசான மகன் மரியாதைப் பட்டத்தோடு மக்களவை எம்.பி.யாக இருக்கலாம். 1938-இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஈடனுடன் சேர்ந்து பதவி விலகிய கிரான்போர்ன் பிரபு அப்படிப்பட்டவர். அப்பா ஒரு சபை, அண்ணன் ஒரு சபை, இரண்டு பேரும் எதிரெதிர் அணி என்று வைக்க இது வசதி. பட்லரை வீட்டார் வெறும் குடும்பப் பெயரால் கூப்பிடுவார்கள். சமையல்காரம்மா கல்யாணம் ஆகாதவராக இருந்தாலும் ‘மிஸஸ்’தான்.

இரவு விருந்தைக் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள். சாப்பாடு முடிந்ததும் வீட்டுத் தலைவி எழுந்திருப்பார். பெண்கள் எல்லாரும் அவர் பின்னால் வரவேற்பறைக்குப் போய்விட வேண்டும். கதவு சாத்தப்படும். மேசை விரிப்பை எடுத்த பளபளப்பான மரத்தின் மேல் போர்ட் ஒயின் குடுவை இடப்பக்கமாகக் கை மாறி வரும். ஆண்கள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்வார்கள். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ அந்தக் கதவுக்குப் பின்னால் உண்மையான அரசியல் நடக்கும். நாயகிக்கு அங்கே இடம் இல்லை. அண்ணன் வெளியே வந்ததும் முகத்தைப் பார்த்தும், காபி எடுத்துப் போன பணியாளிடம் விசாரித்தும், கணப்படுப்பின் புகைபோக்கி வழியே கேட்டும் துண்டு துண்டாகத்தான் அவளால் சேர்க்க முடியும். மறைவாக நின்று ஒரே மூச்சில் முழுச் சதியையும் கேட்டுவிட்டாள் என்று எழுதாதீர்கள். துண்டுகளில் ஒன்றை அவள் தவறாகப் புரிந்துகொள்ளட்டும், கதை தானே நகரும்.

டெலிபோனும் இதே மாதிரி உங்களுக்கு உதவும். பல கிராமங்களில் இணைப்பைக் கையால் கொடுப்பார்கள். லண்டனுக்கு டிரங்க் கால் கேட்டால் ஆபரேட்டருக்கு யார் யாரிடம் பேசுகிறார் என்பது தெரியும். அரசு ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் 1937 முதல் உள்துறை அமைச்சரின் வாரண்ட் வேண்டும், வேலையைச் செய்வது தபால் துறை. பிரதமருக்கு நெருக்கமான ஜோசப் பால் பழைய எம்.ஐ.5 (உள்நாட்டு உளவுத்துறை) ஆள், பிறகு கன்சர்வேடிவ் கட்சியின் ஆய்வுப் பிரிவுத் தலைவர். சொந்தக் கட்சியின் அதிருப்தி எம்.பி.க்களின் டெலிபோனை இவர் ஒட்டுக்கேட்க வைத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வாரண்ட் இல்லாமல் கேட்டது யார் என்பதே ஒரு முழு அத்தியாயம்.

பேச்சைப் பதிவு செய்யும் காட்சி இருந்தால் டேப் ரிக்கார்டர் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் நாடாவில் பதியும் இயந்திரம் அன்று ஜெர்மனியில்தான் இருந்தது. பிரிட்டனில் அரக்குப் பூச்சுள்ள அலுமினியத் தட்டில் ஊசியால் நேரடியாக வெட்டிப் பதிவார்கள். 12 அங்குலத் தட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான். ஒரு மணி நேரப் பேச்சுக்குக் குறைந்தது 12 பக்கம். தட்டு மாற்றும்போது பேச்சு விடுபடாமல் இருக்க இரண்டு இயந்திரம் வேண்டும். வெட்டும்போது சுருள் சுருளாக வரும் நூல் சட்டென்று தீப்பிடிக்கும், உடனுக்குடன் தூரிகையால் ஒதுக்க வேண்டும். கனமான ஊசியுள்ள வீட்டு கிராமபோனில் திரும்பத் திரும்பப் போட்டால் பூச்சு தேய்ந்து குரல் மங்கிவிடும். அதாவது நாயகி தன் கையில் இருக்கும் சாட்சியத்தைக் கேட்கக் கேட்க அழித்துக்கொண்டிருப்பாள்!

கொலைகளை விபத்தாகவோ தற்கொலையாகவோ காட்டப்போகிறீர்கள் என்றால் சட்டத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் தற்கொலை 1961 வரை குற்றம். சந்தேகத்துக்குரிய எந்தச் சாவுக்கும் மரண விசாரணை உண்டு, அதைப் பொதுவில் நடத்துவார்கள். குடும்பத்தின் மானத்தைக் காக்க ‘மனநிலை பாதித்த வேளையில்’ என்று தீர்ப்பு எழுதுவது வழக்கம். அந்த இரக்கத்தையே கொலையாளிகள் பயன்படுத்திக்கொள்ளலாம். யாரும் மேலே கிளற மாட்டார்கள். எதிர்ப்பவரைக் கொல்லாமலே அழிக்கவும் வழி இருந்தது. அத்தோல் டியூக்கின் மனைவி, கன்சர்வேடிவ் எம்.பி., அரசின் கொள்கையை எதிர்த்துத் தன் பதவியை விட்டு 1938 டிசம்பர் 21 இடைத்தேர்தலில் நின்றார். சொந்தக் கட்சியே முழு பலத்தோடு எதிர்த்து வேலை செய்தது. 1,313 ஓட்டில் தோற்றார்.

காலப் பிழைகள் சில. பாத்திரங்கள் முந்தைய போரை ‘முதல் உலகப் போர்’ என்று சொல்லக் கூடாது, ‘பெரும் போர்’ என்றோ ‘போன போர்’ என்றோ சொல்லட்டும். பெட்ரோல் ரேஷன் 1939 செப்டம்பர் 23-இல்தான் வந்தது. வெண்ணெய், சர்க்கரை, பேக்கன் ரேஷன் 1940 ஜனவரி 8-இல். அடையாள அட்டை செப்டம்பர் 29 கணக்கெடுப்புக்குப் பிறகு. லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு 1940 செப்டம்பரில். ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ (பதறாமல் வேலையைத் தொடருங்கள்) சுவரொட்டியைச் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். அச்சிட்டார்களே தவிர பொதுவில் அது ஏறக்குறைய வெளிவரவே இல்லை. ஆகஸ்டில் சரியாக இருக்கக் கூடியது விஷவாயு முகமூடி. 1938 செப்டம்பருக்குள்ளேயே சுமார் 3.8 கோடி கொடுத்திருந்தார்கள்.

செல்லப் பிராணிகளை மறந்துவிடாதீர்கள். போர் அறிவிப்பை ஒட்டிய முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய், பூனைகளை வளர்த்தவர்களே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஊருக்கு அனுப்ப முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்று அரசுத் தரப்புத் துண்டறிக்கை சொன்னது. வாசலில் கூடையோடு வரிசையில் நின்றார்கள். உங்கள் அப்பா பாத்திரம், நாட்டை ஆள்பவர், அழகாகப் பேசுபவர், அந்த வரிசையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன சொல்வார் என்று எழுதிப் பாருங்கள்.

முடிவை செப்டம்பர் 3-இல் வைத்தால் பாதிக் கதைதான். போர் தொடங்கிய பிறகும் சமரசம் பேச வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. 1940 மே 23-இல் ராம்சே, விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்யும் 18பி விதியின்கீழ் கைதானார். மே 26 முதல் 28 வரை போர் அமைச்சரவைக்குள்ளேயே, இத்தாலி வழியாகப் பேசிப் பார்க்கலாம் என்று ஹாலிஃபாக்ஸ் வாதிட்டார், சர்ச்சில் மறுத்தார். உங்கள் நாயகியின் அப்பா அந்த மூன்று நாளும் லண்டனில் யார் வீட்டில் சாப்பிட்டார் என்பதிலிருந்து கடைசிப் பகுதியைத் தொடங்கலாம்.