பள்ளிப் பிள்ளைகளின் ரத்தசோகை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் 6 முதல் 10 வயது வரையுள்ள 120 பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. 39 பேருக்கு ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே. அவர்களில் 22 பேர் 11-க்கு மேல்தான் இருக்கிறார்கள், லேசான ரத்தசோகைதான், கவலை வேண்டாம் என்கிறார்கள். சரியா? (ஒரு தலைமை ஆசிரியர்)

பதில்: சரியில்லை. 5 முதல் 11 வயது வரை டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 11.0 முதல் 11.4 வரை லேசானது, 8.0 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமை. இதில் 'லேசானது' என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. இரும்புச்சத்து குறையும்போது உடல் முதலில் சேமிப்பைக் கரைக்கும். அது தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். ஆகவே இரும்புக் குறைவால் 11.2-க்கு வந்த பிள்ளையிடம் கையிருப்பு ஏற்கெனவே காலி. சேமிப்பு வற்றியும் ஹீமோகுளோபின் இன்னும் இறங்காத பிள்ளைகள் அந்த 39 பேருக்கு வெளியேயும் இருப்பார்கள்.

120-இல் 39 என்றால் 32.5 சதவீதம். ஒரு மக்கள் தொகையில் ரத்தசோகை 5 சதவீதத்தைத் தொட்டாலே அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை. 20 முதல் 39.9 வரை நடுத்தரம், 40-ஐத் தொட்டால் கடுமை. ஒரு பள்ளியின் கணக்கை வைத்து வட்டாரம் முழுவதையும் எடைபோட முடியாது. ஆனால் மூன்றில் ஒரு பிள்ளை என்று வரும்போது, அந்தந்த வீட்டுச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். 8-க்குக் கீழே யாராவது இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நடுத்தரப் பிள்ளைகளுக்கு மருத்துவர் பார்த்துத் தரும் முழு சிகிச்சை தேவை. மற்றவர்களையும் விட்டுவிடாமல் மறுபரிசோதனைத் தேதியைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: முகாமில் விரலில் குத்திப் பார்த்தபோது 9.8. அடுத்த வாரம் ஆய்வகத்தில் 11.6. எதை நம்புவது? (ஓர் ஆசிரியை)

பதில்: கையின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்துத் தானியங்கி இயந்திரத்தில் பார்த்ததை நம்புங்கள். விரல்நுனிச் சோதனை கருவியின் தவறால் கெடுவதைவிடக் கைத்தவறால் கெடுவதே அதிகம். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிவார்கள். அப்போது திசுநீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துப்போகும், அளவு குறைவாகக் காட்டும். துடைத்த ஸ்பிரிட் காயும் முன் குத்தினாலும் இதே கதைதான்.

கை குளிர்ந்திருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்க வேண்டும். நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், சற்றுப் பக்கவாட்டில், ஒரே குத்தாகக் குத்த வேண்டும். முதலில் வரும் ஓரிரு துளிகளைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் அடுத்த பெரிய துளியில் குவெட்டை (ரத்தத்தை உறிஞ்சிக் கருவியில் செருகும் சிறு தட்டு) வைக்க வேண்டும். அது ஒரே மூச்சில் நிரம்ப வேண்டும். பாதி நிரம்பியதில் மறுபடி ரத்தம் சேர்க்கக் கூடாது. உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் அதை வீசிவிட்டுப் புதியது எடுங்கள். குவெட் டப்பாவை முகாம் முடியும்வரை திறந்தே வைப்பது பல இடங்களில் நடக்கும் தவறு. ஈரப்பதம் ஏறிய குவெட் எப்படிப் பிடித்தாலும் தப்புக் கணக்குதான் சொல்லும்.

கண் இமையை இழுத்து வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது கடுமையான ரத்தசோகையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் உதவும். லேசானதை அது கோட்டைவிட்டுவிடும்.

கேள்வி: மகனுக்கு 8 வயது, எடை 24 கிலோ, ஹீமோகுளோபின் 10.1. இரும்பு டானிக் கொடுத்தால் வயிறு வலிக்கிறது என்கிறான், மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? (ஒரு தாய்)

பதில்: நிறுத்த வேண்டாம். மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பினால், அதில் ஆபத்தில்லை. ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, நாற்றத்துடன், தளர்ச்சியும் சேர்ந்து வந்தால் உடனே காட்டுங்கள்.

சிகிச்சைக்குப் பொதுவாகக் கிலோவுக்குத் தினமும் 3 மி.கி. தனி இரும்பு என்று கணக்கிடுவார்கள். உங்கள் மகனுக்கு அது சுமார் 72 மி.கி. வரும். மருந்துச் சீட்டில் தடுமாறும் இடம் இதுதான். மேலே எழுதியிருப்பது பெரும்பாலும் உப்பின் எடை. ஃபெரஸ் சல்ஃபேட்டில் சுமார் 20 சதவீதம், ஃபெரஸ் ஃபியூமரேட்டில் 33, ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 12 சதவீதம் மட்டுமே இரும்பு. '300 மி.கி.' என்றிருக்கும் சல்ஃபேட் மாத்திரையில் இருப்பது 60 மி.கி.தான். பாட்டிலை எடுத்துப் போய், ஒரு வேளைக்கு எவ்வளவு இரும்பு சேர்கிறது என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

நாளுக்கு ஒரு வேளை போதும். வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். வலி வந்தால் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் மருந்து நிற்காது. பாலோடும் தேநீரோடும் தர வேண்டாம், புளிப்பான பழச்சாறு நல்லது. டானிக்கை உறிஞ்சுகுழலில் குடிக்கவைத்து வாய் கொப்பளிக்கச் சொன்னால் பல்லில் கறை பிடிக்காது.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். இயல்பு நிலைக்கு வந்தபிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிரம்பும். பலர் 'பிள்ளை தெளிந்துவிட்டான்' என்று ஒரு மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

இன்னொன்று. மருந்தைப் பூட்டி வையுங்கள். வீட்டில் 10 கிலோ எடையுள்ள தம்பியோ தங்கையோ இருந்தால், 60 மி.கி. இரும்புள்ள மாத்திரை நான்கே விஷமாகலாம், பத்து உயிருக்கே உலை வைக்கும். விழுங்கிவிட்டது தெரிந்தால் குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் ஓடுங்கள். முதல் வாந்தி அடங்கிச் சில மணி நேரம் தெளிவாக இருந்து, பிறகு திடீரென்று மோசமாவது இந்த விஷத்தின் இயல்பு.

கேள்வி: பள்ளியில் வாரம் ஒரு மாத்திரை கொடுத்தும் பலன் தெரியவில்லை. எங்கே தவறு? (ஒரு சுகாதாரப் பணியாளர்)

பதில்: பெரும்பாலும் மாத்திரை வயிற்றுக்குப் போவதே இல்லை. கையில் கொடுத்தனுப்பியது பையிலோ சன்னலுக்கு வெளியேயோ கிடக்கும். குறிப்பிட்ட கிழமையில், சாப்பிட்டு முடித்த கையோடு, குடிநீர் தயாராக இருக்க, ஆசிரியர் கண்முன்னால் விழுங்க வேண்டும். வராத பிள்ளைக்கு வந்த நாளில் ஒன்று. விட்டதற்கும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம். முதல் வாரத்தில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டால் வகுப்பே பிடித்துக்கொள்ளும். பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் பீதி கிளம்பாது.

அளவையும் பாருங்கள். ரத்தசோகை 20 சதவீதத்துக்கு மேலுள்ள இடங்களில் பள்ளி வயதினருக்கு வாரம் 45 மி.கி. இரும்பு, மூன்று மாதம் கொடுத்து மூன்று மாதம் நிறுத்தித் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2011 பரிந்துரை. 40 சதவீதத்தைத் தொட்டால், ஆண்டில் தொடர்ந்து மூன்று மாதம் தினமும் 30 முதல் 60 மி.கி. (2016). இவை தடுப்பு அளவுகள். 9 கிராமில் இருக்கும் பிள்ளையை வாராந்திர மாத்திரையை நம்பி விடக் கூடாது.

மலேரியா உள்ள பகுதியென்றால் அதன் தடுப்பும் சிகிச்சையும் இல்லாமல் இரும்பைத் தொடங்காதீர்கள். சான்சிபாரின் பெம்பா தீவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இரும்பு பெற்றவர்களிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியது 2006-இல் வெளியானது. எச்சரிக்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

கேள்வி: பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?

பதில்: பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. இறைச்சி, ஈரல், மீனில் உள்ள இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை உடலில் சேரும். பயறு, கீரை, தானியங்களில் உள்ளது 2 முதல் 20 சதவீதம் வரைதான். உடலில் சேரும் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடச் சாப்பிடும் பொருள். எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவை கூட்டும், தேநீர் நன்றாகவே குறைக்கும். பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கமிருந்தால் சாப்பாட்டோடு கொடுப்பதையாவது நிறுத்துங்கள்.

கேள்வி: குடற்புழு மாத்திரை கொடுத்தால் போதாதா?

பதில்: கொக்கிப்புழு உள்ள இடத்தில் அது கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. கொக்கிப்புழுவின் ஒரு வகை நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் ரத்தம் குடிக்கும், இன்னொரு வகை 0.15 முதல் 0.2 வரை. இரண்டாவது வகையில் ஐம்பது புழு இருந்தால் தினமும் 7.5 மில்லிக்குக் குறையாமல் போகும். அதிலுள்ள இரும்பு சுமார் இரண்டரை மி.கி. ஒரு பகுதி குடலிலேயே திரும்பச் சேர்ந்தாலும், மீதியைச் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்டுவது கடினம். அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை, மென்று விழுங்க வேண்டும். புழு வெளியேறும், இழந்த இரும்பு திரும்பாது; அதற்கு இரும்பு மாத்திரைதான். கழிப்பறையும் காலணியும் இல்லையென்றால் மண்ணிலிருந்து பாதத்தின் வழியாகச் சில மாதங்களில் மறுபடி ஏறிவிடும்.

கேள்வி: மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் மகளுக்கு 10.4-லேயே நிற்கிறது.

பதில்: மருந்தின் அளவு சரியாக இருந்ததா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இருந்ததென்றால், காரணம் இரும்புக் குறைவாக இல்லாமல் இருக்கலாம். முழு ரத்த எண்ணிக்கை அறிக்கையில் சிவப்பணுவின் சராசரிப் பருமனை (MCV), சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். பருமன் 64, எண்ணிக்கை 5.6 என்றால் 11.4 வரும். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறு) மரபுத்தன்மையைச் சந்தேகிக்க வேண்டும். இது வெறும் குறிப்புதான், ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனைதான் உறுதிசெய்யும். பருமன் கூடுதலாக இருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு.

ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பாருங்கள், ஆனால் காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுக்காதீர்கள். 15-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு உறுதி. தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறும், 60 இருந்தாலும் நம்ப முடியாது. தலசீமியா தன்மை என்று தெரிந்தால், ஃபெரிட்டின் குறைவாக இருந்தாலொழிய இரும்பைத் தொடர வேண்டாம். அப்படியே பெற்றோர் இருவரும் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.